செலஸ்டா, சூப்பர் மீட் பாயா? கை வலிக்க ஆடிப் பார்த்த கணக்கு

ஒரே இடத்தில் நாற்பது முறையாவது செத்திருப்பேன். அடுத்த முறை கட்டைவிரல் சரியான நேரத்தில் தானாக அழுந்தியது. ரம்பத்துக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடுக்கில் உருவம் நுழைந்து அந்தப் பக்கம் போய்விட்டது. நான் செய்தேனா, கை செய்ததா என்று எனக்கே தெரியவில்லை. தடைகளைத் துல்லியமான தாவல்களால் கடக்க வேண்டிய பிரிசிஷன் பிளாட்ஃபார்மர் என்கிற வீடியோ கேம் வகைமேல் எனக்குப் பிடிப்பு வந்தது அந்த ஒரு நொடியால்தான். கன்ட்ரோலரை மெத்தையில் வீசிவிட்டு எழுந்துபோன இரவுகளும் அதே வகையால்தான்.

புதிதாக இதில் இறங்குகிறவர்கள் "எது ரொம்பக் கஷ்டம்?" என்று கேட்பார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு இரண்டு. ஒரு முறை செத்தால் எவ்வளவு தூரம் திரும்ப ஆட வேண்டும்? செத்தது நம் தப்புதான் என்று மனசு ஒத்துக்கொள்கிறதா? 2007இல் வந்த 'ஐ வானா பி தி கை'யில் மரத்தில் இருக்கும் பழம் கீழே மட்டுமல்ல, மேலேயும் "விழுந்து" ஆளைக் கொல்லும். முதல் தடவை அதை யாராலும் ஊகிக்க முடியாது. அது பொறி. பொறியில் சிக்கினால் சிரிக்கலாம், கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. சூப்பர் மீட் பாயும் செலஸ்டும் அப்படி ஏமாற்றுவதில்லை. ஆபத்து எல்லாம் கண்ணெதிரே இருக்கும். அதனால்தான் இரண்டையும் ஒரே தராசில் வைக்கிறேன்.

சூப்பர் மீட் பாய் 2010இல் வந்தது. எட்மண்ட் மெக்மில்லன், டாமி ரெஃபனிஸ் என்ற இருவர் செய்தது. தோலில்லாத ஒரு சதைக்கட்டி, கடத்தப்பட்ட தன் காதலி பேண்டேஜ் கேர்ளைத் தேடி ஓடுகிறது. கதை அவ்வளவுதான், அதற்குமேல் வேண்டவும் வேண்டாம். முந்நூறுக்கும் மேற்பட்ட லெவல்கள். பெரும்பாலானவை அரை நிமிடத்துக்குள் முடியக்கூடியவை. செத்தால் "மீண்டும் முயல்கிறீர்களா?" என்று கேட்காது. பாட்டு நிற்காது. கண் இமைப்பதற்குள் தொடக்கத்தில் நின்றுகொண்டிருப்போம். கோபப்பட நேரமே கிடைக்காது என்பதுதான் இதன் பெரிய சூட்சுமம்.

மீட் பாய் தொட்ட இடமெல்லாம் ரத்தம் பூசிக்கொண்டே போவான். செத்த பிறகும் அந்தக் கறை அப்படியே இருக்கும். பத்து முறை செத்த லெவலைப் பார்த்தால் எந்தச் சுவரில் அதிகம் மோதியிருக்கிறோம் என்று சிவப்பாகத் தெரியும். லெவலை முடித்ததும் வரும் ரீப்ளேயில் நம் முயற்சிகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும். முப்பது மீட் பாய்கள் ஒன்றாகப் புறப்படும், முதல் ரம்பத்தில் பாதி போகும், அடுத்ததில் மீதி, கடைசியில் ஒன்று மட்டும் போய்ச் சேரும். எரிச்சலை இவ்வளவு அழகாகக் கொண்டாட்டமாக மாற்றிய வேறு விளையாட்டை நான் பார்க்கவில்லை.

குறை எங்கே என்றால், லெவலுக்குள் செக்பாயின்ட், அதாவது செத்தால் பாதியிலிருந்து தொடரும் இடம், கிடையாது. முதல் இரண்டு அத்தியாயங்களில் அது உறுத்தாது. ரேப்சர், காட்டன் ஆலி என்ற பிந்தைய அத்தியாயங்கள் வரை போனவர்களுக்குத் தெரியும்: முக்கால் தூரம் பிசகில்லாமல் வந்து கடைசித் தாவலில் போனால், முன்னால் இருந்த பதினைந்து தாவல்களையும் திரும்பச் செய்ய வேண்டும். பிறகு ஓட்டத்தின் வேகம். ஓடும் பொத்தானை விடாமல் பிடித்திருந்தால் மீட் பாய் சீறிப் பாய்வான், சுவரில் பட்டால் வழுக்குவான். அவனைக் காற்றில் திருப்பி ஒரு சின்னத் தளத்தில் இறக்கப் பழகவே எனக்குப் பல நாள் ஆயிற்று. பழகிய பிறகு அதற்கு ஈடான சுகம் செலஸ்டில்கூட இல்லை. இதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் ஓட்டு செலஸ்டுக்குத்தான்.

செலஸ்ட் 2018 ஜனவரியில் வெளியானது. மேடி தோர்சனும் நோயல் பெர்ரியும் 2015இல் நான்கே நாளில் செய்த ஒரு குட்டி விளையாட்டிலிருந்து வளர்ந்தது. மேடலின் என்ற பெண் ஒரு மலை ஏறுகிறாள். தாவலாம், சுவரைப் பிடித்து ஏறலாம், காற்றில் ஒரே ஒரு முறை எட்டுத் திசையில் ஏதாவதொன்றில் பாயலாம். அந்தப் பாய்ச்சலை, டேஷை, செலவழித்ததும் அவள் சிவப்புக் கூந்தல் நீலமாகும். தரையைத் தொட்டால் மறுபடி சிவப்பு. திரையின் மூலையில் அளவுகோல் எதுவும் வேண்டியதில்லை, கண் எப்படியும் அவள்மேல்தானே இருக்கிறது.

செலஸ்டை நான் மதிப்பதற்கு முதல் காரணம், கண்ணுக்குத் தெரியாமல் அது நமக்குச் செய்யும் உதவிகள். விளிம்பைத் தாண்டிக் கால் காற்றில் போன பிறகும், ஒரு நொடியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குத் தாவல் பொத்தான் வேலை செய்யும். கார்ட்டூனில் மலை விளிம்பைத் தாண்டியும் கொஞ்ச நேரம் விழாமல் ஓடும் ஓநாயை நினைத்து இதை கோயோட்டி டைம் என்பார்கள். தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பே பொத்தானை அழுத்திவிட்டாலும் விளையாட்டு அதை நினைவில் வைத்திருந்து தொட்டவுடன் தாவ வைக்கும். தாவும்போது தலை ஒரு மூலையில் இடித்தால், முட்டி நிறுத்தாமல் உடம்பைக் கொஞ்சம் நகர்த்தி மேலே விடும். சுவரை ஒட்டியிருக்க வேண்டும் என்றில்லை, இரண்டு பிக்ஸல் தள்ளியிருந்தாலும் சுவர்த்தாவல் கிடைக்கும். முள்ளின் முனை பார்க்கும் திசையிலேயே நாம் போய்க்கொண்டிருந்தால் அது குத்தாது.

இதையெல்லாம் படித்தபோது ஏமாற்றமாக இருக்கும் என்று நினைத்தேன், நான் தனியாக ஜெயிக்கவில்லையே என்று. நேர்மாறாக நன்றியாக இருந்தது. விரலுக்கும் கண்ணுக்கும் இடையே மனிதர்களுக்கு இயல்பாகவே சில நொடித்துளித் தடுமாற்றம் உண்டு. அதை விளையாட்டு தன் கணக்கில் ஏற்றுக்கொள்கிறது. மீதியிருப்பது நாம் நிஜமாகவே தப்பாக முடிவெடுத்த இடங்கள் மட்டும். அதனால் செலஸ்டில் செத்தால் எனக்கு விளையாட்டின்மேல் கோபம் வருவது மிகக் குறைவு.

சாவின் விலையும் மலிவு. பெரும்பாலும் ஒரு அறையைக் கடந்தால் அது நம்முடையது, செத்தால் அந்த அறையின் வாசலில் எழுவோம். ஏழாவது அத்தியாயமான உச்சியில் கடைசி ஏற்றத்தில் 30இலிருந்து இறங்குமுகமாக எண்ணிட்ட கொடிகள் நட்டிருக்கும். ஒவ்வொரு கொடியும் 'இதுவரை வந்தது போகாது' என்று சொல்வதுபோல இருக்கும். நான் அங்கே இரவு இரண்டு மணிக்கு எழுந்து நின்றுகொண்டு ஆடியிருக்கிறேன்.

கதையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேடலினுக்குப் பதற்ற நோய் இருக்கிறது. கண்ணாடியிலிருந்து வெளிவரும் அவளுடைய இன்னொரு உருவம் அவளைத் துரத்துகிறது. அதை விரட்டப் பார்த்துத் தோற்று, பின்பு அதனோடு சமாதானமாகும்போது அவளுக்கு இரண்டாவது டேஷ் கிடைக்கிறது. மனசில் நடந்தது அப்படியே விரலுக்கு வந்து சேர்கிறது. அதுவரை எட்டாத தூரம் அந்த நிமிடம் முதல் எட்டும். இது வசனத்தால் செய்ய முடியாத வேலை.

வேகத்தைக் குறைத்து ஆட்டத்தை எளிதாக்கிக்கொள்ள செலஸ்ட் தரும் அசிஸ்ட் மோடைச் சிலர் கேவலமாகப் பார்க்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. என் அக்கா மகள் வேகத்தை 70 சதவீதமாக்கித்தான் ஆடினாள். அறைகள் அதேதான், முடிவெடுக்கிற வேலையும் அதேதான். சூப்பர் மீட் பாயில் இப்படி ஒரு வழி இல்லாததால் அவள் அதை இரண்டாம் அத்தியாயத்தோடு விட்டுவிட்டாள்.

மூன்றாவதாக, 2017இல் பென்னட் ஃபாடி வெளியிட்ட கெட்டிங் ஓவர் இட். பானைக்குள் உட்கார்ந்த ஒருவன் சுத்தியலை ஊன்றி மலை ஏறுவான். செக்பாயின்ட் எதுவுமில்லை, ஒரு தவறான அசைவில் மொத்த ஏற்றமும் போகலாம். விழும்போது ஃபாடியின் குரல் தோல்வியைப் பற்றி நிதானமாகப் பேசும். மதிக்கிறேன், ஆனால் வேலை முடித்து வந்து ஒரு மணி நேரம் ஆடுகிறவருக்கு இதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த ஒரு மணி நேரம் முடியும்போது நேற்றைய இடத்தைவிடக் கீழே இருக்க நேரிடும்.

அந்தக் கொடூரம் வேண்டுமென்றால் மற்ற இரண்டிலும் தேடிப்போய் வாங்கிக்கொள்ளலாம். மீட் பாயில் ஒளிந்திருக்கும் வார்ப் ஜோன் என்ற கூடுதல் லெவல்கள் சிலவற்றில் மூன்றே உயிர்தான். செலஸ்டின் தங்க ஸ்ட்ராபெரியை எடுத்துக்கொண்டு அத்தியாயம் முழுவதையும் ஒருமுறைகூடச் சாகாமல் முடிக்க வேண்டும், செத்தால் முதலிலிருந்து. இங்கே செலஸ்ட் கெட்டிங் ஓவர் இட்டாகவே மாறிவிடுகிறது. வித்தியாசம், அந்த விலையை நாம் கேட்டு வாங்குகிறோம்.

வாங்குகிறவர்களுக்கு: செலஸ்டை உச்சி வரை முடியுங்கள், பிறகு மீட் பாய், பிறகு திரும்பிவந்து செலஸ்டின் பி-சைடுகள், அதாவது அதே அத்தியாயங்களின் கடினமான வடிவங்கள். மீட் பாயை ஏற்கெனவே கரைத்துக் குடித்தவர், வேகத்துக்காகவும், லெவலைச் சீக்கிரம் முடித்தால் கிடைக்கும் ஏ பிளஸுக்காகவும் ஆடுகிறவர் என்றால் செலஸ்டின் முதல் இரண்டு அத்தியாயங்கள் மெதுவாகத் தோன்றலாம், பொறுத்துக்கொள்ளுங்கள். மீட் பாய்க்குக் கன்ட்ரோலர் இல்லாமல் இறங்காதீர்கள். செலஸ்டைக் கீபோர்டிலும் நன்றாக ஆடலாம். கன்ட்ரோலர் என்றால் அனலாக் ஸ்டிக்கை விட்டு, திசைப் பொத்தான்களான டி-பேடுக்கு மாறுங்கள். மூலைவாக்கில் பாய நினைத்து நேராகப் பாய்ந்து செத்த என் சாவுகளில் பாதி, அந்த மாற்றத்துக்குப் பிறகு நின்றுபோயின.