15 வாட் என்று விற்கப்பட்ட 5 வாட் ட்யூப் ஆம்ப்: வாங்குவோர் கவனத்திற்கு

மேடை நிகழ்ச்சிகளுக்காகச் சிறிய ட்யூப் கிட்டார் ஆம்ப் (வெற்றிடக் குழல்களால் கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் கருவி) தேடுபவர்கள், அதிலும் பழைய ஆம்புகளைப் புதுப்பித்து விற்பவர்களிடம் வாங்க நினைப்பவர்கள், பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுவது நல்லது. "15 வாட், முழு ட்யூப், மேடைக்கு ஏற்றது" என்ற விளம்பரத்தின் பேரில் நான் வாங்கிய ஆம்ப் 5 வாட்டைக்கூட எட்டவில்லை. விற்றவர் தெரியாமல் விற்றுவிட்டார் என்று விட்டுவிடவும் வழியில்லை. அவருக்குத் தெரியும் என்பதற்கான சான்று ஆம்புக்குள்ளேயே இருந்தது.

டிரம்மருடன் சேர்ந்து வாசிப்பவருக்கு அந்த 15 என்ற எண் ஏன் முக்கியம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்பீக்கரை இயக்கும் வலுவைத் தருபவை பவர் ட்யூப்கள். ஈ.எல்.84 என்னும் பவர் ட்யூப்கள் இரண்டு, அலையின் இரு பாதிகளையும் மாறி மாறிக் கையாளும் புஷ்-புல் முறையில் இயங்கினால் ஏறத்தாழ 15 வாட் கிடைக்கும். வாக்ஸ் ஏ.சி.15, ஃபெண்டர் ப்ளூஸ் ஜூனியர் முதலிய பெயர்பெற்ற சிறிய மேடை ஆம்புகள் அந்த அளவில் அமைந்திருப்பது இதனால்தான். அதே ட்யூப் ஒன்று மட்டும் தனியாக இயங்கினால் 5 வாட் அளவில் நின்றுவிடும். இரண்டுக்கும் இடையே சத்தத்தில் உள்ள வேறுபாடு 5 டெசிபலுக்குச் சற்றுக் குறைவுதான்; மும்மடங்கு உரக்கக் கேட்கும் என்று யாரும் எண்ண வேண்டாம். ஆனால் ஸ்னேர் டிரம்மின் அடிக்கு மேலே கிட்டாரின் ஒலி பிசிறில்லாமல் தெளிவாக எழுவதும், எழ முடியாமல் கரகரத்து நசுங்குவதும் பெரும்பாலும் அந்த 5 டெசிபலுக்குள்தான் தீர்மானமாகின்றன.

விளம்பரத்தில் இருந்த பின்பக்கப் படத்தில் மூன்று ட்யூப்கள் தெரிந்தன. ஒன்று குட்டையானது, அது கிட்டாரின் மெல்லிய சைகையை முதலில் பெருக்கும் முன்நிலைக்குரிய 12ஏ.எக்ஸ்.7. மற்ற இரண்டும் ஒரே பருமன், ஏறத்தாழ ஒரே உயரம். பார்ப்பவர் எவரும் அவற்றை ஒரு ஜோடி ஈ.எல்.84 என்றே எடுத்துக்கொள்வார். விற்றவரும் எழுத்திலேயே "இரண்டு பவர் ட்யூப்கள்" என்றுதான் குறிப்பிட்டிருந்தார். உண்மையில் அவற்றுள் ஒன்றுதான் ஈ.எல்.84. அடுத்தது ஈ.இசட்.81 என்னும் ரெக்டிஃபையர் ட்யூப். மின்மாற்றியிலிருந்து வரும் ஏ.சி. மின்சாரத்தை டி.சி.யாக மாற்றுவதைத் தவிர அதற்கு வேறு வேலை கிடையாது. இரண்டும் ஒன்பது முனை கொண்ட ஒரே வகை சாக்கெட்டில் பொருந்துபவை என்பதால், கண்ணாடியில் அச்சிட்ட எண் இல்லாவிட்டால் வெளித்தோற்றத்தைக் கொண்டு பிரித்தறிவது எளிதன்று. இந்த ஆம்பில் இரண்டு ட்யூப்களிலும் அந்த எழுத்துகள் சுத்தமாகத் துடைக்கப்பட்டிருந்தன. சூட்டில் அழிந்துவிட்டதாக விளக்கம் வந்தது. அதே சூட்டில் இருந்த 12ஏ.எக்ஸ்.7-இன் எழுத்துகள் மட்டும் எப்படித் தப்பின என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

வாசித்துக் காட்டிய விதத்தையும் குறிப்பிட வேண்டும். ஆம்பின் உள்ளே இருக்கும் 10 அங்குல ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர்கள் கொண்ட பெரிய கேபினெட்டில் இணைத்து, இடையில் ஒலியைக் கரகரப்பாக்கும் ஓர் ஓவர்டிரைவ் பெடலையும் வைத்து, சிறிய அறையில் வாசித்தார். திறன்மிக்க ஸ்பீக்கர் 3 டெசிபல் கூடுதலாகத் தந்தாலே ஆம்பின் வாட் இரட்டித்ததற்குச் சமம். பெடல் போட்டுவிட்டால் கரகரப்பு எங்கிருந்து வருகிறது என்பதும் தெரியாது. பெடல் இல்லாமல் கேட்க வேண்டும் என்றபோது, ட்யூப்கள் இன்னும் சூடேறவில்லை என்று பேச்சை மாற்றினார். ட்யூப் சூடேற ஒரு நிமிடம் போதும்.

மேடையில் நடந்ததை நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. டிரம்ஸ் தொடங்கியதும் கிட்டார் காணாமல் போனது. வால்யூமைப் பாதிக்கு மேல் திருப்பியபோது சத்தம் கூடுவதற்குப் பதில் பாஸ் தந்திகளின் ஒலி மட்டும் பிளந்தது.

ஆம்பைப் பழுதுபார்க்கும் நண்பர் ஒருவரிடம் கொண்டு சென்றேன். ஸ்பீக்கருக்குப் பதிலாக 8 ஓம் மின்தடையை இணைத்து, உள்ளே 1000 ஹெர்ட்ஸ் சைகையைச் செலுத்தி, அலையின் முனை வெட்டுப்பட்டு ஒலி சிதையத் தொடங்கும் இடத்தில் அவர் அளந்தபோது மீட்டர் 6 வோல்ட்டில் நின்றது. அதன் வர்க்கமான 36-ஐ 8 ஆல் வகுத்தால் 4.5 வாட், 15 வாட் ஆம்பாக இருந்தால் 11 வோல்ட்டை நெருங்கியிருக்க வேண்டும். பவர் ட்யூபை ஸ்பீக்கருடன் இணைக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் முதன்மைச் சுற்றிலிருந்து இரண்டே கம்பிகள் வந்தன. புஷ்-புல் அமைப்பு என்றால் நடு இணைப்பையும் சேர்த்துக் குறைந்தது மூன்று இருக்கும். எனக்கு ஆத்திரமூட்டியது இதெல்லாம் அல்ல. சேசிஸில், அதாவது உறுப்புகள் பொருத்தப்பட்ட உலோகச் சட்டத்தில், அந்த இரண்டாவது சாக்கெட்டின் அருகே மட்டும் விரல் அகலத்திற்குக் கறுப்பு வண்ணம் பூசப்பட்டிருந்தது. ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்ததும், ஆம்பைச் செய்தவர்கள் அச்சிட்டிருந்த "ஈ.இசட்.81" பளிச்சென்று தெரிந்தது.

இதைச் சொன்னதும் விற்றவரின் பதில்கள் மாறிக்கொண்டே வந்தன. 15 வாட் என்பது உச்ச அளவு என்றார். சைன் அலையின் உச்சத்திறன் சராசரித்திறனைப்போல் இருமடங்குதான் என்பதால் அந்தக் கணக்கிலும் 9 வாட்டுக்கு மேல் போகாது. பிறகு, அந்த சாக்கெட்டில் இன்னொரு ஈ.எல்.84 ஐச் செருகினால் 15 வாட் வந்துவிடும் என்றார். இது ஆபத்தான ஆலோசனை. ட்யூபைச் சூடாக்கும் இழைக்குரிய 4, 5 ஆம் முனைகள் இரண்டு ட்யூப்களுக்கும் பொதுவானவை என்பதால் செருகியது ஒளிரத்தான் செய்யும். ஆனால் அந்த சாக்கெட்டில் ஆடியோ சைகையே கிடையாது, இருப்பது மின்மாற்றியின் உயர் மின்னழுத்தம். கடைசியாக, ட்யூப்களை நானே மாற்றிவிட்டுக் குறை சொல்வதாகக் குற்றம் சாட்டி, திரும்பப் பெற முடியாது என்று கைவிரித்துவிட்டார். கழற்றி மாட்டக்கூடிய பொருள் என்பதால் இந்தச் சாக்கு அவருக்கு வசதியாக அமைந்துவிட்டது.

ஆகவே வாங்குபவர்கள் ஆம்பை அணைத்து ஆறவிட்டு, விற்பவரையே ஒவ்வொரு ட்யூபையும் கழற்றச் சொல்லி, எண்ணும் சாக்கெட்டும் தெரியும்படி அங்கேயே படமெடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பவர் ட்யூப்கள் என்று சொல்லிவிட்டு முன்நிலையில் ஒரே ஒரு 12ஏ.எக்ஸ்.7 மட்டும் இருந்தால் இரண்டு பவர் ட்யூப்களுக்கும் எதிரெதிரான சைகைகளைத் தரும் ஃபேஸ் இன்வெர்ட்டர் எங்கே என்று கேளுங்கள். வழக்கமாக அதற்கும் ஒரு ட்யூபில் பாதியாவது தேவைப்படும். ஆம்பை அதன் சொந்த ஸ்பீக்கரில், பெடல் இல்லாமல், வால்யூமை முழுவதும் திருப்பிக் கேளுங்கள். ரசீதில் ட்யூப் எண்களும் ஆர்.எம்.எஸ். வாட் அளவும் (உச்ச அளவு அல்ல, சராசரித்திறன்) எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் அத்துடன் வந்துவிடலாம். சேசிஸை மட்டும் நீங்களாகத் திறக்க வேண்டாம். மின்னிணைப்பைப் பிடுங்கிய பிறகும் உள்ளிருக்கும் கெபாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும். அதை இறக்கத் தெரிந்தவரிடமே அந்த வேலையைக் கொடுங்கள்.