தோலா, கரிநாரா, கூடுதல் தட்டுகளா? பழைய கடல் ரீல்களின் டிராக்: ஓர் ஒப்பீட்டு அலசல்

வேலூரில் கடல் இல்லை. ஆண்டின் பெரும்பகுதியில் பாலாற்றில் தண்ணீரும் இல்லை. ஆயினும் விடுமுறை கிடைத்தால் சென்னையிலோ புதுச்சேரியிலோ படகேறி, பணம் சேர்ந்தால் அந்தமான் வரை சென்று, பெருமீன் பிடித்துப் பழகிய சிலர் பழைய வட ஆற்காட்டுப் பகுதியில் உண்டு. அவர்கள் அப்பாவிடமிருந்தோ பழைய பொருள் கடையிலிருந்தோ பெற்ற தூண்டில் ரீல்களைச் சீரமைக்க என்னிடம் கொண்டுவருவார்கள். கைப்பிடி தேய்ந்திருக்கும், குரோம் பூச்சு உரிந்திருக்கும், அவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாத குறை பெரும்பாலும் டிராக்கில்தான் இருக்கும்.

மீன் இழுக்கும்போது தங்கூசி, அதாவது தூண்டில் நரம்பு, அறுவதற்கு முன்பாகவே, நரம்பு சுற்றியிருக்கும் உருளையான ஸ்பூலை வழுக்கவிட்டு நரம்பைக் கொடுக்கும் உராய்வுத் தடையே டிராக். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இந்த வேலையை மனிதனின் கட்டைவிரல்தான் ஸ்பூலின் மேல் ஒரு தோல் பட்டையை அழுத்திச் செய்துவந்தது. ரீலுக்குள்ளேயே உராய்வுத் தட்டுகளை வைத்து, கைப்பிடியின் அடியில் உள்ள நட்சத்திர வடிவத் திருகால் அவற்றை இறுக்கும் ஸ்டார் டிராக் முறையின் தொடக்க வடிவத்தைக் கொண்டு, 1913இல் வில்லியம் போஷன் கலிபோர்னியக் கடலில் வாள்மீன் பிடித்தார். பிலடெல்பியாவின் பென் நிறுவனம் 1936இல் செனட்டர் வரிசையை வெளியிட்டபோது அந்த முறை எளியவருக்கும் எட்டியது. இங்கு வந்துசேரும் பழைய ரீல்களில் பெரும்பாலானவை இந்த வரிசையைச் சேர்ந்த 4/0, 6/0 அளவுகளே; ஆகவே இந்த ஒப்பீடும் அவற்றையே மையமாகக் கொள்கிறது.

கைப்பிடியையும் நட்சத்திரத் திருகையும் கழற்றிவிட்டுப் பக்கத்தட்டைத் திறந்தால், பித்தளைப் பெரிய பல்சக்கரத்தின் குழிக்குள் அடுக்கடுக்காக வாஷர்கள் தெரியும். ஒரு உராய்வு வாஷர், அதன்மேல் கியர் ஸ்லீவை (கைப்பிடி அமரும் நடுக்குழாயை) பற்றிக்கொள்ளும் உலோகத் தட்டு, மீண்டும் உராய்வு வாஷர், அதன்மேல் பல்சக்கரத்தின் பள்ளங்களில் காது மாட்டிய உலோகத் தட்டு என்று மாறி மாறி வரும். இத்தகைய ரீல்களில் வழக்கமாக மூன்று உராய்வு வாஷர்கள் இருக்கும். அண்மையில் நான் திறந்த ஒரு 6/0இல் அந்த மூன்றும் தோலாக இருந்தன. அவை பல்சக்கரத்தோடு பச்சைக் களிம்பால் ஒட்டிக்கொண்டு, கத்தி முனையால் நெம்பியபோது அப்பளம்போல் நொறுங்கின. தோலில் ஊறிய கொழுப்பு பித்தளையிலுள்ள செம்போடு காலப்போக்கில் வினைபுரிவதால்தான் அந்தக் களிம்பு உண்டாகிறது.

இந்த இடத்தில் எதைப் போடுவது என்பதே கேள்வி. ஆம்பூரும் வாணியம்பாடியும் பேரணாம்பட்டும் இராணிப்பேட்டையும் சுற்றியிருக்க, தோலை விட்டு வேறொன்றை நினைப்பதற்கே எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சற்று மனம் கூசும். தோலுக்கு நியாயமான தகுதியும் உண்டு. எண்ணெய் ஊறிய தோல், நிலையிலிருந்து அசையத் தொடங்கும்போதும் அசைந்துகொண்டிருக்கும்போதும் ஏறத்தாழ ஒரே அளவான பிடியைத் தருகிறது. டிராக்கில் நாம் தேடும் முதல் குணம் இதுவே. வழுக்கத் தொடங்க அதிக விசையும், வழுக்கியபின் குறைந்த விசையும் தேவைப்படும் வாஷர், பெருமீனின் முதல் பாய்ச்சலிலேயே நரம்பை வெடுக்கென்று அறுத்துவிடும்.

ஆனால் ஏதோ ஒரு தோல் இருந்தால் போதாது. ஷூவின் மேற்பகுதிக்குப் பயன்படும் குரோம் தோல் மென்மையாகவும் நீரைத் தாங்குவதாகவும் இருந்தாலும், அழுத்தத்தில் பிதுங்கும். வேண்டியது பட்டையால் பதனிட்ட அடித்தோல். ஆம்பூரில் அடித்தோல் வெட்டும் ஒருவரிடம் என் கையிலிருந்த துண்டைக் காட்டியபோது, அவர் அதை இரண்டு விரலால் மடக்கிப் பார்த்துவிட்டு, “சார், இது வயித்துப் பக்கம், இழுபடும். முதுகுப் பக்கமா எடுங்க, அதுதான் நிக்கும்” என்றார். அவர் சொன்னதுதான் சரி: வயிற்றுப் பகுதியில் வெட்டிய வாஷர், நட்சத்திரத் திருகை இறுக்கிய ஒரே இரவில் ஒருபுறம் மெலிந்து, ஸ்பூல் சுற்றும்போது ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை தயங்கியது. முதுகுப் பகுதியில் வெட்டி, தோலைப் பதமாக்கும் நீட்ஸ்ஃபுட் எண்ணெயில் ஓரிரு நாள் ஊறவைத்து, மிகுந்த எண்ணெயைப் பிழிந்து போட்டபோது அந்தத் தயக்கம் மறைந்தது.

தோலின் எல்லை வெப்பத்தில் இருக்கிறது. 7 கிலோ பிடியில் வைத்த டிராக்கை ஒரு சூரை விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் இழுத்தோடினால், அந்தச் சிறு குழிக்குள் உண்டாகும் வெப்பம் சுமார் 700 வாட்; அதாவது வீட்டு இஸ்திரிப் பெட்டி ஒன்றை உள்ளங்கை அகலமே உள்ள பித்தளைச் சக்கரத்துக்குள் வைத்தது போன்றது. பட்டைத் தோல் ஈரமாக இருக்கையில் 80 பாகை செல்சியஸை ஒட்டியே சுருங்கத் தொடங்கிவிடும். சுருங்கிய வாஷர் மீண்டும் பழைய நிலைக்கு வராது. போதாக்குறைக்கு, வெயிலூர் என்று கேலிசெய்யப்படும் எங்கள் ஊரின் மே மாத வெயிலில் அலமாரியில் கிடக்கும் ரீலின் தோல் தானாகவே உலர்ந்து இறுகும். ஆண்டுக்கு ஒருமுறையாவது திறந்து எண்ணெய் காட்ட வேண்டும். இவ்வளவும் ஒப்புக்கொள்பவருக்கு, 10 கிலோவுக்கு உட்பட்ட தங்கூசியோடு வஞ்சிரமும் சிறு பாறை மீனும் பிடிக்கும் ரீலுக்குத் தோல் இன்றும் போதும்.

தோலுக்கும் கரிநாருக்கும் (கார்பன் ஃபைபர்) இடைப்பட்ட காலத்தில் வந்த கடினமான நார்க்கலவை வாஷர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வாகன பிரேக் பட்டையை ஒத்த அவை வெப்பத்தைத் தாங்கும். ஆனால் உப்புநீர் பட்டால் பிடித்துப் பிடித்து விடும். பழையவற்றில் நுரையீரலுக்குத் தீங்கான கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்தவையும் உண்டு என்பதால், அவற்றை உப்புத்தாளில் தேய்த்துச் சமன்செய்ய முற்படாமல், ஈரத்துணியால் எடுத்து மூடி எறிவதே முறை.

கரிநார் வாஷர் இந்த ரீல்களுக்கு இன்று கிடைக்கும் மிகச் சிறந்த மாற்று என்பதில் எனக்கு ஐயமில்லை. பென் நிறுவனத்தின் எச்டி-100 (HT-100) வகையும், தனியே விற்கப்படும் கார்பன்டெக்ஸ் வகையும் அடிப்படையில் ஒரே குடும்பம்தான்: கரிநார் நெசவைப் பிசினில் இறுக்கி வெட்டிய வட்டங்கள். தோலைச் சுருட்டும் வெப்பம் அவற்றுக்கு ஒரு பொருட்டல்ல. அழுத்தத்தில் மெலிவதும் இல்லை. அவற்றை உலர்ந்த நிலையிலேயே போட வேண்டும் என்று வாதிடுவோர் உண்டு. உலர்ந்த கரிநாரில் பிடி சற்றுக் கூடும் என்பது உண்மையே. எனினும் உப்புநீர் உள்ளே புகுந்தால் உலோகத் தட்டு அரித்து, அந்தச் சொரசொரப்பில் டிராக் குதிக்கத் தொடங்கும். டெஃப்லான் கலந்த டிராக் கிரீஸை மெல்லியதாகத் தடவி, மிகுதியைத் துணியால் துடைத்துவிட்டால், உச்சப் பிடியில் சிறிது குறையும். தொடக்கத் தயக்கமோ ஏறக்குறைய இல்லாமற் போகும். சிறிது பிடியைக் கொடுத்துச் சீரான ஓட்டத்தை வாங்குவது எனக்கு லாபமாகவே படுகிறது. சாதாரண வண்டி கிரீஸ் மட்டும் கூடாது. சூட்டில் இளகி வெளியே வழியும்.

கரிநாரில் ஒரு சிக்கல் கவனத்துக்குரியது. தோல் தடித்தது, கரிநார் மெல்லியது. மூன்றையும் மாற்றியதும் அடுக்கின் உயரம் குறைவதால், நட்சத்திரத் திருகு முழு அழுத்தத்தை எட்டுமுன் தன் மரையின் அடிவரை போய் நின்றுவிடலாம். அதைத் தவிர்க்க, அடுக்கின் மேலே ஒரு மெல்லிய உலோக வாஷரைச் சேர்க்க வேண்டும். வளைந்த வில் வாஷர் இருந்தால் அதன் குழிவு எந்தத் திசையில் இருந்தது என்பதைக் கழற்றும்போதே படமெடுத்து வைத்துக்கொள்வது நல்லது. பழைய உலோகத் தட்டுகளின் பள்ளங்களைக் கண்ணாடிமேல் வைத்த நுண் உப்புத்தாளில் தேய்த்துச் சமன்செய்யாமல் புதுக் கரிநாரைப் போடுவது வீண்.

மூன்று வாஷர் உள்ள இடத்தில் மெல்லிய ஐந்தைப் புகுத்தும் அடுக்குகள், வல்லெஃகு கியர் ஸ்லீவோடு சேர்த்து விற்கப்படுகின்றன. வழுக்கும் முகங்கள் மூன்றிலிருந்து ஐந்தாவதால் அதே இறுக்கத்தில் பிடி ஒன்றரை மடங்கைத் தாண்டும், கணக்கு கவர்ச்சியானதுதான். ஆனால் அந்தப் பிடி முழுவதையும் தாங்க வேண்டியது, ஸ்லீவின் அடியில் பின்சுழற்சியைத் தடுக்கும் ஒரே ஒரு சிறு நாக்கும், அதைத் தாங்கும் தட்டும், பேக்கலைட் என்னும் பழைய வகைப் பிளாஸ்டிக்கால் ஆன பக்கத்தட்டில் ஏறிய சில திருகுகளும். நண்பர் ஒருவர் ஸ்லீவை மாற்றாமல் ஐந்து வாஷர் போட்டு முழுக்க இறுக்கியதில், கைப்பிடி அமரும் பித்தளை ஸ்லீவின் தட்டையான முகங்கள் உருண்டு, கைப்பிடி சும்மா சுழன்றது. உலோகச் சட்டம் போட்டு ரீல் முழுவதையும் மாற்றுபவருக்கு இந்த அடுக்கு பொருந்தும். பழைய உடலை அப்படியே வைத்துக்கொள்பவருக்குப் பொருந்தாது.

செலவைக் கூட்டிப் பார்த்தால், சிலர் கேட்பதுபோல், இவ்வளவுக்கு, திருகுக்குப் பதில் நெம்புகோலால் டிராக்கை இயக்கும் ஒரு பழைய லீவர் டிராக் ரீலையே வாங்கிவிடலாமே என்று தோன்றும். ஸ்டார் டிராக்கின் தடை பல்சக்கரத்தில் நிகழ்வதால், கியர் விகிதம் எவ்வளவோ அவ்வளவால் வகுபட்டே ஸ்பூலை அடைகிறது. லீவர் டிராக்கின் பெரிய தட்டோ ஸ்பூலின் பக்கத்திலேயே அமர்ந்து நேரடியாகப் பிடிப்பதோடு, வெப்பத்தையும் அகன்ற பரப்பில் பரப்பிவிடுகிறது. மீனோடு போராடும்போதே லீவரைத் தள்ளிப் பிடியை அறிந்து கூட்டிக் குறைக்கலாம் என்பதும் அதன் பெரும் வசதி. பெரிய மயில்மீனையும் சூரையையும் குறிவைத்து அடிக்கடி கடலுக்குச் செல்பவருக்கு அதுவே தக்கது. ஆண்டுக்கு இருமுறை செல்பவருக்கு அது வேண்டாத செலவு.

எதைத் தேர்ந்தாலும் அளந்துதான் ஒப்படைக்க வேண்டும். 50 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 22.7 கிலோ தாங்கும் தங்கூசிக்கு மூன்றில் ஒரு பங்கான 7.5 கிலோவே மேல் வரம்பு. மீன் வியாபாரிகளின் தொங்கு தராசில் நரம்பு முனையைக் கட்டி, நேராகவும் சீராகவும் இழுத்துப் படிக்கிறேன். முழு ஸ்பூலில் 7.5 காட்டும் டிராக், நரம்பு ஓடிச் சுற்றின் விட்டம் பாதியாகும்போது திருகைத் தொடாமலேயே 15 ஆகிவிடும். ஆகையால் தூரம் ஓடும் மீனுக்கு நான் 6 கிலோவுக்கு மேல் வைப்பதில்லை. மேற்சொன்ன 6/0இல் இறுதியாக, கிரீஸ் தடவிய மூன்று கரிநார் வாஷர்களையும் பழைய உலோகத் தட்டுகளையுமே வைத்தேன். தராசின் முள் 6இல் நின்றபடி, நரம்பு வழுக்கத் தொடங்கிய கணத்திலும் துள்ளவில்லை. உரியவரிடம் கொடுக்கும்போது நட்சத்திரத் திருகை முழுவதும் தளர்த்தி, அடுத்த பயணம் வரை அது அப்படியே இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன்.