78,000 ரூபாய்க்கு வாங்கிய பளபளப்பு இரண்டே கழுவலில் போனது: செராமிக் கோட்டிங் போடப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

இன்று நண்பகல் வெயிலில் என் காரின் பானெட்டில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு திட்டு தெரிந்தது. சுற்றிலும் முகம் பார்க்கலாம் போன்ற கறுப்பு. அந்த ஓர் இடம் மட்டும் பள்ளிக்கூடக் கரும்பலகை போலப் பொலிவே இல்லாத கறுப்பு. துணியால் துடைத்தேன், போகவில்லை. ஈரத்துணி வைத்தேன், நனைந்திருந்தவரை மறைந்திருந்து காய்ந்ததும் திரும்ப வந்து நின்றது. அழுக்கென்றால் போயிருக்கும். அங்கே பெயின்டுக்குப் பளபளப்பைத் தரும் நிறமற்ற மேல்பூச்சே போய்விட்டது. தேய்த்துத் தேய்த்தே தின்றிருக்கிறார்கள். அந்தத் தேய்ப்புக்கு நான் 78,000 ரூபாய் கூலி கொடுத்திருக்கிறேன்.

கோபம் தணிந்த பிறகு எழுதுங்கள் என்றாள் மனைவி. தணிந்துவிட்டால் எழுத மாட்டேன், என்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

காரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 2017 மாடல் ஃபோர்டு மஸ்டாங் ஜிடி, ஐந்து லிட்டர் வி8 இன்ஜின். 2016-இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்தபோது டெல்லி ஷோரூம் விலையே 65 லட்சம். மறைமலை நகரில் ஃபோர்டு ஆலை இருந்தும் இந்த வண்டி அங்கே உருவாகவில்லை, முழு வண்டியாகக் கப்பலில் வந்தது. அப்போது எனக்கு அதை நின்று பார்க்கும் வசதி மட்டும்தான் இருந்தது. 2021-இல் ஃபோர்டு இங்கே உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்த பிறகு, உதிரிபாகத்துக்கு அலைய வேண்டியிருக்கும் என்று தெரிந்தேதான் பழைய வண்டியாக வாங்கினேன். முதல் உரிமையாளர் ஒரு பாகத்தைக்கூட மறுபெயின்ட் செய்யவில்லை. ஆலையில் அடித்த பெயின்ட் அப்படியே இருந்தது. காரை விரும்புகிறவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

எங்கள் குடியிருப்பில் ஒரு பையன் ஒரே வாளித் தண்ணீரில் பதினொரு கார்களைத் துடைப்பான். அவனுக்கு என் கார் பக்கம் வரக்கூடாது என்று உத்தரவு. நானே கழுவுவேன். சோப்புத் தண்ணீர் ஒரு வாளி, கையுறையை அலச இன்னொரு வாளி, இரண்டின் அடியிலும் மண் மேலே கிளம்பாதபடி சல்லடைத் தட்டு. சக்கரத்துக்குத் தனித் துணி. ஆயுத பூஜை அன்று அம்மா சந்தனக் கிண்ணத்தோடு வந்தால், பானெட்டில் வேண்டாம், கண்ணாடியில் வையுங்கள் என்று வருடா வருடம் மன்றாடுவேன். இவ்வளவு செய்தும் கறுப்பு கறுப்புதான். பெட்ரோல் பங்கில் யாராவது ஒருமுறை காய்ந்த துணியால் துடைத்துவிட்டால் போதும், வெயிலில் சிலந்தி வலை பின்னியதுபோல் வட்ட வட்டமாக மெல்லிய கீறல்கள் தெரியும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் போய்விட்டு வந்தால் உப்புப் படலம். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் காய்ந்தால் வெள்ளை வளையம். இதற்கெல்லாம் ஒரு முடிவு கட்டலாம் என்றுதான் செராமிக் கோட்டிங் போடப் போனேன், பெயின்டின் மேல் தடவினால் கண்ணாடி போல இறுகிக் காக்கும் திரவப் பூச்சு அது.

கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஐ.டி. நிறுவனங்கள் வரிசையாக நிற்கும் சாலையை ஒட்டிய, கண்ணாடிக் கதவு போட்ட குளிரூட்டிய கார் அழகுநிலையம் என்றால் புரிந்துகொள்வீர்கள். கூரை முழுவதும் தேன்கூடு வடிவத்தில் வெள்ளை விளக்குகள். அந்த விளக்கின் கீழ் பழைய ஸ்கூட்டரை நிறுத்தினாலும் அழகாகத்தான் இருக்கும்.

நான் விழுந்த இடம் எது தெரியுமா? உரிமையாளர் காருக்குப் பக்கத்தில் வந்ததும், தொடுவதற்கு முன்னால், விரலிலிருந்த மோதிரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றினார். பெல்ட்டின் பித்தளை வளையத்தைப் பக்கவாட்டில் திருப்பிவிட்டுக்கொண்டார், குனியும்போது பெயின்டில் உரசக்கூடாதாம். என் மனம் அங்கேயே கரைந்துவிட்டது. இவர் நம்ம ஆள் என்று நினைத்தேன். அந்த மோதிரத்தை இன்று சாயங்காலம் மறுபடியும் பார்த்தேன், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பெயின்ட் தடிமன் அளக்கும் சிறு கருவியை எடுத்தார். கதவில் வைத்தார், 118 மைக்ரான். பின்பக்கம் 121. ஆலைப் பெயின்ட்தான் சார், அருமை என்றார். பானெட்டில் வைத்தார், எண்ணே வரவில்லை. இரண்டு தடவை தட்டினார். பேட்டரி இறங்கிவிட்டது போலிருக்கிறது என்று சிரித்துக்கொண்டே பையில் போட்டுவிட்டார். நானும் சிரித்தேன். இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கீறல் எல்லாம் போகும்படி மூன்று கட்டப் பாலிஷ், அதன்மேல் மூன்று அடுக்கு 9எச் கோட்டிங், ஐந்து வருட உத்தரவாதம். 92,000 ரூபாய் என்று ஆரம்பித்து, மஸ்டாங் எங்கள் கடைக்கு வருவதே பெருமை என்று 78,000-க்கு இறங்கினார். 9எச் என்றால் வைரத்துக்கு அடுத்த கடினம் என்றார். அது பென்சில் சோதனையின் அளவு. 9எச் பென்சிலால் குறிப்பிட்ட அழுத்தத்தில் கீறினாலும் தடம் விழாது என்பதுதான் அதன் பொருள், வைரத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இது எனக்கு அன்றே தெரியும். தெரிந்தும் தலையாட்டினேன். மோதிரத்தைக் கழற்றிய மனிதரிடம் எப்படி வாதாடுவது?

முன்பணம் 40,000. கைப்பேசியில் அனுப்பியபோது கடையின் பெயர் வரவில்லை, ஏதோ தனிநபர் பெயர் வந்தது. தம்பி கணக்கு சார் என்றார். பில் கேட்டேன். பில் போட்டால் 18 சதவீதம் ஜிஎஸ்டி கூடுதலாகும், உங்களுக்கு எதற்கு வீண்செலவு என்றார். என் செலவைப் பற்றி என்னைவிட அவருக்குக் கவலை. மூன்று நாள் கழித்து மீதி 38,000-ஐயும் கொடுத்துவிட்டு, ராத்திரி எட்டு மணிக்கு, அந்தத் தேன்கூட்டு விளக்கின் கீழ் காரை வாங்கிக்கொண்டேன். தண்ணீர் தெளித்துக் காட்டினார்கள், முத்து முத்தாக உருண்டோடியது. கண்ணில் நீர் வராத குறை.

ஒரு வாரம் தண்ணீர் படக்கூடாது என்றார்கள். கோட்டிங் இறுக அவ்வளவு நாள் வேண்டும் என்பது உண்மைதான், அதில் பொய் இல்லை. பத்தாம் நாள் முதல் கழுவல். தண்ணீர் முத்தாக நிற்கவில்லை, தகடாகப் படர்ந்தது. வெயிலில் பார்த்தேன், சிலந்தி வலை மங்கலாகத் திரும்பியிருந்தது. கூடவே புதிதாக ஒன்று: கார் நகரும்போது கூடவே நகரும் ரிப்பன் போன்ற வெளிச்சக் கோடுகள். வேகமாகச் சுழலும் பாலிஷ் இயந்திரத்தைக் கண்டபடி ஓட்டினால் விழும் தடம் அது.

அன்றிலிருந்து ஆரம்பித்தது அலைக்கழிப்பு. முதலில் எந்தத் தண்ணீரில் கழுவினீர்கள் என்றார்கள். பிறகு எந்த ஷாம்பு. பிறகு, கோட்டிங் மூச்சுவிட ஒரு மாதம் ஆகும், பொறுங்கள். பிறகு உரிமையாளர் கோயம்புத்தூரில். அடுத்த நாளும் கோயம்புத்தூரில். போட்டோ அனுப்பினேன், பார்த்ததற்கான நீலக்குறி மட்டும் வந்தது, பதில் வரவில்லை.

இதற்கிடையில் அவர்களே என் காரை வைத்து ஒரு விளம்பரக் காணொளி போட்டிருந்தார்கள். நாற்பது விநாடி. பெருமையாகத்தான் பார்க்க ஆரம்பித்தேன். இருபத்து மூன்றாவது விநாடியில் ஒரு பையன் என் பானெட்டின் மேல் குனிந்து பாலிஷ் போடுகிறான். கையில் இரும்புக் காப்பு. இயந்திரத்தின் மின்கம்பி தோளைச் சுற்றிப் போடப்படாமல் முன்பக்க மட்கார்டின் மேல் தேய்ந்து இழுபடுகிறது. பானெட்டின் நடுவே ஓடும் அந்த மடிப்பு மேட்டின் மேல் இயந்திரம் ஒரே இடத்தில் நிற்கிறது. நான் எண்ணினேன், நான்கு விநாடி. மேட்டில் பெயின்ட் எப்போதுமே மெல்லியதாகத்தான் நிற்கும், பாலிஷ் போடுகிறவர்கள் அங்கே டேப் ஒட்டிவிட்டுத்தான் இயந்திரத்தை எடுப்பார்கள். மோதிரம் கழற்றியவர் அந்தச் சட்டகத்திலேயே இல்லை. இதைச் சொல்லிக் கேட்ட அரைமணி நேரத்தில் காணொளி நீக்கப்பட்டது. நல்லவேளை, பதிவிறக்கி வைத்திருந்தேன்.

இன்று இரண்டாவது கழுவல். திட்டு வெளிப்பட்டது. உடனே எடுத்துக்கொண்டு பெயின்ட் வேலையில் முப்பது வருடம் கண்ட ஒரு பெரியவரிடம் போனேன். அவர் கருவியைப் பானெட்டில் வைத்தார், சட்டென்று எண் வந்தது. 104, 101, 106. திட்டின்மேல் வைத்தார். 57.

அந்தக் கடைக்காரருடைய கருவியில் ஏன் வரவில்லை என்று கேட்டேன். தம்பி, இந்த வண்டியின் பானெட் அலுமினியம், காந்தத்தை வைத்து அளக்கிற மலிவுக் கருவி இரும்பில்தான் பேசும் என்றார். பேட்டரியாவது ஒன்றாவது. அந்த ஆளுக்குத் தான் தொடுவது என்ன உலோகம் என்றே தெரியவில்லை. எத்தனை மைக்ரான் இருக்கிறது என்று தெரியாமலே தேய்க்க விட்டிருக்கிறார். மேல்பூச்சின் மொத்தத் தடிமன் 40, 50 மைக்ரான். நாம் பிரின்ட் எடுக்கும் தாளே ஏறக்குறைய 100 மைக்ரான். அரைத் தாள் கனம், அவ்வளவுதான் சொத்து.

பிறகு எண்ணெய்ப் பசையைக் கரைக்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சதுரம் துடைத்தார். துடைத்த சதுரத்துக்குள் பழைய கீறல்கள் அத்தனையும், ஒன்று குறையாமல். சதுரத்துக்கு வெளியே இன்னும் கொஞ்சம் பளபளப்பு. செராமிக் கோட்டிங் இறுகிய பிறகு இந்த ஆல்கஹாலுக்கெல்லாம் அசையாது. அப்படியானால் என் கார்மேல் இருந்தது கோட்டிங்கே இல்லை, கீறலை நிரப்பி மறைக்கும் எண்ணெய்ப் பசையும் அதன்மேல் ஏதோ ஒரு மெழுகும். கழுவக் கழுவப் போகும் சமாச்சாரம். 78,000 ரூபாய்க்கு முகப்பவுடர்.

சாயங்காலம் கடைக்குப் போனேன். கோயம்புத்தூர்க்காரர் உள்ளேதான் இருந்தார். பானெட்டைக் காட்டினேன். மோதிரம் போட்ட அதே விரலால் திட்டை அழுத்தித் தடவிப் பார்த்தார். இப்போது கழற்றவில்லை. பணம்தான் வந்துவிட்டதே!

இது முன்பே இருந்திருக்கும் சார் என்றார். முன்பு எடுத்த போட்டோக்களைக் காட்டினேன். பழைய வண்டிதானே, முதல் ஓனர் ரீபெயின்ட் செய்திருப்பார் என்றார். ஆலைப் பெயின்ட் அருமை என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்றேன். வண்டியை விட்டுவிட்டுப் போங்கள், இன்னொரு முறை லேசாகத் தேய்த்துச் சரிசெய்து தருகிறோம் என்றார். இன்னொரு முறை! மிச்சம் இருப்பதையும் தேய்த்துவிட்டால் அலுமினியம்தான் பல்லிளிக்கும். பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றதும் குரல் மாறியது. பில் இருக்கிறதா சார்? உத்தரவாத அட்டையை நீட்டினேன். பின்பக்கம் எறும்பு எழுத்தில் ஒரு வரியைக் காட்டினார். எங்கள் நிலையத்தில் மட்டுமே கழுவ வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை 4,500 ரூபாய், வெளியே கழுவினால் உத்தரவாதம் செல்லாது. என் சொந்த வீட்டு வாசலில், என் சொந்த வாளியில் கழுவியது என் குற்றமாம்.

பானெட்டைச் சுரண்டி மறுபடியும் பெயின்ட் அடிக்க 30,000-க்கு மேல் ஆகும் என்கிறார் பெரியவர். பணம் போனால் போகட்டும் என்று சொல்ல மாட்டேன், 78,000 சும்மா வரவில்லை. ஆனால் ஆலைப் பெயின்ட்டை எந்தப் பணத்துக்கும் திரும்ப வாங்க முடியாது. அதுதான் வயிற்றெரிச்சல்.

விரிவாக ஆலோசனைகள் எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். இப்போது மணி பன்னிரண்டரை, தோன்றுவதை மட்டும் சொல்கிறேன். ஜிஎஸ்டி பில் இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். 18 சதவீதம் மிச்சம் பிடித்ததால்தான் இன்று கையில் பில் என்று ஒரு துண்டுச் சீட்டு இல்லாமல் நிற்கிறேன். தடிமன் கருவி அலுமினியத்திலும் அளக்குமா என்று கேளுங்கள், விழித்தால் வண்டியைத் திருப்புங்கள். பாலிஷ் முடிந்ததும், கோட்டிங் போடுவதற்கு முன்னால், கண்ணெதிரே ஆல்கஹாலில் துடைத்துக் காட்டச் சொல்லுங்கள். ராத்திரியில் வண்டியை எடுக்காதீர்கள், வெயிலில் எடுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915, பில் இல்லாவிட்டாலும் பணம் அனுப்பிய பதிவும் காணொளியும் இருக்கின்றன, காலையில் அழைக்கப் போகிறேன்.

கறுப்புதானே, அதில் என்ன பெரிய கலர் மேட்ச் என்று சொல்லாத ஒரு பெயின்டர் சென்னையில் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். பெரியவருக்குக் கண்புரை, அடுத்த மாதம் அறுவை சிகிச்சையாம்.