கோவை மலையேற்ற கிளப்பின் வார இறுதிப் பயணங்கள்: பணம் கட்டலாமா?

அவசரமாகக் கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மலைக்குத் தாராளமாகப் போகலாம், பரிசலுக்கும் போகலாம். கயாக்குக்கு (துடுப்புப் போட்டு ஓட்டும் ஒடுக்கமான சிறு படகு) மட்டும், கீழே சொல்லியிருப்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள். கிளப்பின் பெயரை இங்கே போடவில்லை. கோவை, திருப்பூர், ஈரோட்டில் இதே மாதிரி குழுக்கள் நிறைய இயங்குகின்றன. எதில் சேர்வதாக இருந்தாலும் இதே கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம்.

ஒரு குழுவை எடைபோட நாங்கள் பார்ப்பது வரிசையில் கடைசியாக நடக்கிற ஆளைத்தான். முன்னால் போகிற பத்துப் பேர் எந்தக் குழுவிலும் நன்றாகவே போவார்கள். பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வருகிறவரை யார் கவனிக்கிறார்கள், அவர் பாட்டிலில் தண்ணீர் மிச்சம் இருக்கிறதா, வந்து சேர்ந்ததும் உட்கார நேரம் கிடைக்கிறதா என்பதில்தான் தரம் தெரியும். இந்த கிளப் அதில் தேறுகிறது. முன்னால் லீடர், நடுவில் ஒருவர், கடைசியில் ‘ஸ்வீப்’ ஒருவர். லீடரை யாரும் முந்தக் கூடாது, ஸ்வீப்புக்குப் பின்னால் யாரும் தங்கக் கூடாது. பாதை பிரிகிற ஒவ்வோர் இடத்திலும் லீடர் நிற்கிறார், ஸ்வீப் கண்ணில் பட்ட பிறகே நகர்கிறார். ஓய்வு நேரமும், கடைசி ஆள் வந்து உட்கார்ந்த பிறகுதான் தொடங்குகிறது. பல குழுக்களில் முன்னால் போனவர்கள் பத்து நிமிடம் இளைப்பாறிவிட்டு, கடைசி ஆள் தலை தெரிந்ததும் “போலாமுங்களா?” என்று எழுந்துவிடுவார்கள். அவருக்கு மட்டும் ஓய்வே கிடையாது. அடுத்த ஏற்றத்தில் தசை பிடித்துக்கொள்வதும் அவருக்குத்தான்.

புதிதாகச் சேருகிறவர்களை நேராகக் காட்டுக்குக் கூட்டிப்போவதில்லை. விடியற்காலையில் சென்னிமலை அடிவாரத்துக்கு வரச் சொல்கிறார்கள். 1,320 படி. எத்தனை நிமிடத்தில் ஏறினீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. ஏறிக்கொண்டே ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடிகிறதா, இறங்கும்போது முட்டி நடுங்குகிறதா என்று மட்டும் பார்க்கிறார்கள். சரியான சோதனை. ஏற்றத்தில் மூச்சு வாங்கினால் நின்றால் போதும். கணுக்கால் பிசகுவதும் வழுக்கி விழுவதும் பெரும்பாலும் இறக்கத்தில், தொடை தளர்ந்த பிறகுதான் நடக்கும். இறங்கும்போது கைப்பிடியைத் தேடுகிறவர்களுக்கு ஒரு கம்பைக் கொடுத்து, முதல் பயணமாக எளிய பாதையைப் பரிந்துரைக்கிறார்கள்.

அங்கேயே ஷூவையும் பார்க்கிறார்கள். இதை வேறு குழுக்களும் செய்ய வேண்டும். ஷூவைக் கழற்றச் சொல்லி, முன்பாதத்தில் பிடித்து நன்றாக வளைக்கிறார்கள். அடிப்பாகம் மேல்பாகத்தோடு ஒட்டிய கோட்டில் நூலிழை அளவு வாய் திறந்தாலும் அந்த ஷூ வேண்டாம். பரணில் இரண்டு மூன்று வருடம் சும்மா கிடந்த ஷூவில் இது சகஜம். பார்வைக்குப் புதிதுபோல இருக்கும், ஆனால் உள்ளே நுரை மாதிரியான பகுதி காற்றின் ஈரத்தில் இற்றுப்போயிருக்கும். நடக்கத் தொடங்கி ஒரு மணி நேரத்தில் அடிப்பாகம் வாழைப்பட்டை மாதிரி உரிந்து வந்துவிடும். லீடர் பையில் அகலமான துணி டேப்பும் நாலைந்து பிளாஸ்டிக் டையும் எப்போதும் இருக்கின்றன. அது இறங்கி வரத்தான் உதவும், ஏறிப் போவதற்கு அல்ல.

அனுமதி விஷயத்தில் கிளப் கறார். காப்புக்காட்டுக்குள் ‘ட்ரெக் தமிழ்நாடு’ வழியாகப் பதிவு செய்த பாதைகளில் மட்டுமே போகிறார்கள். 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு அரசு தொடங்கிய திட்டம் அது. எளிது, நடுத்தரம், கடினம் என்று மூன்று வகை. நம் பக்கத்தில் ஆழியாறு கால்வாய்க் கரை, மானாம்பள்ளி, டாப்சிலிப் – பண்டாரவரை எல்லாம் அதில் வருகின்றன. உள்ளூர் வழிகாட்டிகள் உடன் வருகிறார்கள். “அரசே நடத்தும்போது கிளப் எதற்கு?” என்று கேட்கலாம். இரண்டு மூன்று பேராகப் போகிறவர்களுக்குத் தேவையே இல்லை, நேராகப் பதிவு செய்துகொள்ளுங்கள். தனியாக வருகிறவர்களுக்கும், வேன், சாப்பாடு, முதலுதவி எல்லாவற்றையும் யாராவது பார்த்துக்கொண்டால் நல்லது என்று நினைப்பவர்களுக்கும்தான் கிளப் பயன்படும்.

கோடையில் காட்டுக்குள் போவதே இல்லை. 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் காய்ந்த புல்சரிவில் தீ ஏறியபோது இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஈரோடு மாவட்டத்துப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். சரிவில் தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும், மனிதர் அதற்கு முன்னால் ஏறித் தப்ப முடியாது. அரசுப் பாதைகளையே 2025-இல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மூடினார்கள். அந்த மாதங்களில் “ஸ்பெஷல் பர்மிஷன் வாங்கியிருக்கோம்” என்று புல்மலைக்கு ஆள் சேர்க்கிற குழு எதுவானாலும் பணத்தைக் கொடுக்காதீர்கள். இந்த கிளப் அப்போது கொல்லிமலை ஆகாயகங்கை மாதிரி படி இருக்கிற இடங்களுக்கு மாறிக்கொள்கிறது. அங்கே போவது அருவிக்கு இறங்கித் திரும்ப ஏறுகிற கணக்கு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள், களைத்த பிறகுதான் ஏற்றமே வரும். காரவள்ளியில் இருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்த வயிறோடு உடனே இறங்காமல், மேலே அரை மணி நேரம் உட்கார வைக்கிறார்கள். சரியான முடிவு.

வெள்ளியங்கிரியை இவர்கள் நடத்துவதில்லை. நேர்ச்சை வைத்து ஏறுகிறவர்களின் நடை வேறு, இரவில் அவரவர் வேகத்தில் ஏழு மலையும் ஏறுவார்கள். அங்கே வரிசை கட்ட முடியாது. மூச்சுத் திணறியும் மாரடைப்பிலும் உயிர் போன செய்திகள் சமீப ஆண்டுகளில் வந்தபடி இருக்கின்றன. ரத்த அழுத்தம், இதயக் கோளாறு இருப்பவர்கள் எந்தக் குழுவோடும் அந்த மலைக்குப் போக வேண்டாம்.

தண்ணீர் தலைக்கு மூன்று லிட்டர். வழியில் சுனை வரும் என்று நம்பிக் குறைக்க விடுவதில்லை. ஒரு லிட்டருக்கான ஓஆர்எஸ் பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுசாகக் கரைக்க வேண்டும். அரை பாக்கெட்டை ஒரு டம்ளரில் கலக்கிக் குடித்தால் உப்பு அதிகமாகி வயிறு கலங்கும். மழைக்காலத்தில் அட்டைக்கு முழங்கால் வரை வரும் துணி உறை தருகிறார்கள். கடித்துவிட்டால் உப்பைக் கொட்டாமல், அட்டையின் மெலிந்த முனையில் நகத்தை ஒட்டி நகர்த்தி எடுக்கச் சொல்லிக்கொடுக்கிறார்கள். ரத்தம் உடனே நிற்காது, அட்டையின் எச்சில் ரத்தத்தை உறைய விடாது. துணியை வைத்து அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும்.

சாப்பாட்டில் ஒரு குறை. காலை ஐந்து மணிக்குக் கட்டிய அரிசிம்பருப்பு சாதத்தை மதியம் ஒன்றரைக்குக் கொடுக்கிறார்கள். சூடாக நெய் விட்டுச் சாப்பிட வேண்டியது அது. எட்டு மணி நேரத்தில் இறுகி, தொண்டையில் இறங்காது. புளிசாதமும் ஒரு கைப்பிடி வறுத்த நிலக்கடலையும் போதும், கெடவும் கெடாது.

பெண்களுக்கு ஒரு விஷயம். பாதையில் கழிப்பறை கிடையாது. கிளப்பில் ஒரு பெண் லீடர் கட்டாயம் வருகிறார். ஓய்வு நேரத்தில் ஆண்களை முன்னால் நடத்திவிட்டு, வழிகாட்டியிடம் இடம் கேட்டுக்கொண்டு அவரே கூடப் போகிறார். சிறுநீரை அடக்கப் பயந்து தண்ணீர் குடிக்காமல் நடந்து மயங்கி விழுவது பெண்களிடம் அதிகம். “குடிங்கக்கா, அதையெல்லாம் நாம பாத்துக்கலாம்” என்று அவர் வாய்விட்டுச் சொல்வதே பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிடுகிறது.

இனி தண்ணீர்ப் பயணம். பரிசலுக்குப் பரளிக்காடு. கோவையில் இருந்து சுமார் 70 கிலோமீட்டர், காரமடை, வெள்ளியங்காடு வழியாகப் பில்லூர் அணையின் தேக்கத்துக்கு. நடத்துவது வனத்துறை, பரிசல் ஓட்டுவதும் சமைப்பதும் அங்கத்திய பழங்குடி மக்கள். பொதுமக்களுக்குச் சனி, ஞாயிறு மட்டும், முன்பதிவு அவசியம். காலையில் பரிசல், மதியம் ராகிக் களியும் கோழிக்குழம்புமாகச் சாப்பாடு, பிறகு சின்ன நடை அல்லது அத்திக்கடவில் பவானிக் குளியல். பெரிய மலையேற்றம் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள், அது குடும்பத்தோடு போகிற நாள். வெள்ளியங்காட்டுக்கு மேல் சாலையில் யானை நிற்கும், அதனால் கிளப் வேன் மாலை வெளிச்சத்திலேயே இறங்கிவிடுகிறது. தென்மேற்குப் பருவத்தில் போகிறவர்கள் பில்லூர் நீர்மட்டச் செய்தியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மொத்தம் 100 அடி, 97-ஐ நெருங்கினால் உபரி நீர் திறப்பார்கள். அன்றைக்கு ஆற்றில் இறங்குகிற எண்ணமே வேண்டாம்.

பரிசலில் முன்பக்கம், பின்பக்கம் கிடையாது. அதனால்தான் புதியவர் துடுப்பைப் பக்கவாட்டில் போட்டு இழுத்ததும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஓட்டுகிறவர் முன்விளிம்பில் குந்தி, துடுப்பை முன்னால் எட்டிப் போட்டுத் தன் பக்கம் இழுக்கிறார். இடதும் வலதுமாக மாறிமாறி இழுப்பதால் பரிசல் துடுப்பின் பின்னாலேயே வருகிறது. ஏறும்போது நடுவில் காலை வைத்து, எதிரெதிராக உட்கார்ந்து எடையைச் சமன்செய்ய வேண்டும். படம் எடுக்க எல்லோரும் ஒரே பக்கம் சாய்வதுதான் ஆபத்து. கிளப் ஆட்கள் ஏறுவதற்கு முன் ஒவ்வொருவரின் லைஃப் ஜாக்கெட்டையும் தோள்பட்டையில் பிடித்து மேலே தூக்கிப் பார்க்கிறார்கள். மோவாயைத் தாண்டி மேலே வந்தால் பட்டையை இறுக்க வேண்டும் அல்லது சின்ன அளவு மாற்ற வேண்டும்.

கயாக் பயிற்சி காவிரியில், பூலாம்பட்டிக்கும் நெரிஞ்சிப்பேட்டைக்கும் நடுவே கதவணை தேக்கிய நீரில். இடம் அருமை, நீர் அகலமாக, மெதுவாக இருக்கிறது. இரு கரைக்கும் நடுவே விசைப்படகு போய்வரும். அதன் அலை வரும்போது கயாக்கின் மூக்கை அலைக்கு நேராகத் திருப்பிக்கொள்ள வேண்டும், பக்கவாட்டில் வாங்கினால் கவிழும். ஆனி, ஆடியில் மேல்காற்று பத்து மணிக்கு மேல் வலுத்துவிடும், ஆறரைக்கு இறங்கி ஒன்பதுக்குள் கரையேறுவதே நல்லது. கதவணைப் பராமரிப்புக்குத் தண்ணீரை வெளியேற்றும் நாட்களும் உண்டு, முந்தைய நாளே உள்ளூரில் கேட்டுக்கொள்ள வேண்டும். இதையெல்லாம் கிளப் சரியாகச் செய்கிறது. கரையோரத்தில் ஒவ்வொருவரையும் வேண்டுமென்றே கவிழ்த்து, திரும்ப ஏறவும் பழக்குகிறார்கள்: கவிழ்ந்த கயாக்கை முதலில் நிமிர்த்து, நடுப்பகுதிக்கு வா, எதிர்விளிம்பைப் பிடி, காலை உதைத்து உடம்பை நீர்மட்டத்துக்குக் கொண்டுவா, வயிற்றை மேலே போடு, புரண்டு உட்கார். காலைக் கீழே தொங்கவிட்டபடி கையால் மட்டும் ஏற முயன்றால் கயாக் தலைமேல் கவிழும்.

கோளாறு சாமான்களில் இருக்கிறது. கயாக்கின் பின்முனையில் நீர் வடிக்கும் ஓட்டை ஒன்று உண்டு, அதற்குத் திருகு மூடி. வேனில் இருந்து இறக்கிய கயாக்குகளில் அந்த மூடியை யாரும் வரிசையாகச் சோதிப்பதில்லை. மூடி தளர்ந்திருந்தால் கரையில் ஒன்றும் தெரியாது. அரை மணி நேரத்தில் பின்பக்கம் கனத்து, திருப்பினால் திரும்பாது, சின்ன அலைக்கே கவிழும். உங்கள் கயாக்கின் மூடியை நீங்களே கையால் இறுக்கிவிட்டு ஏறுங்கள். அடுத்தது ஜாக்கெட். இரண்டு அளவுதான் வைத்திருக்கிறார்கள், 40 கிலோவுக்குக் கீழே இருக்கிற பிள்ளைகளுக்குப் பொருந்துவது இல்லை. கால் இடையில் மாட்டும் பட்டையோடு சின்ன ஜாக்கெட் வாங்கும்வரை குழந்தைகளைக் கயாக்குக்கு அழைத்துப்போகாதீர்கள். எறிகயிற்றுப் பையும் (நீரில் தவிக்கிறவருக்கு வீசுகிற கயிறு வைத்த பை) ஒன்றுதான், அதுவும் கரையில் இருக்கிறது. குறைந்தது இன்னொன்று, 15 முதல் 20 மீட்டர் நீளத்தில், நீரில் இருக்கும் லீடரிடம் வேண்டும். ஆகாயத்தாமரைக்குள் ஒருவர் சிக்கிக்கொண்டால் கரையில் இருக்கிற கயிறு எட்டாது.

கணக்கு விஷயத்தில் நேர்மையாக இருக்கிறார்கள். அரசுக் கட்டணம், வேன் வாடகை, கிளப் கட்டணம் மூன்றையும் தனித்தனியாக எழுதித் தருகிறார்கள். மழையாலோ வனத்துறை உத்தரவாலோ பயணம் நின்றால் கிளப் கட்டணம் முழுதும் திரும்ப வருகிறது. வேன் முன்பணம் மட்டும் வராது. அரசுக் கட்டணத்துக்கு அந்தந்தத் துறையின் விதிதான். பணம் அனுப்புவதற்கு முன் இந்த மூன்றையும் வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளைகளோடு கயாக்குக்குப் போவதாக இருந்தால், சின்ன ஜாக்கெட் வந்துவிட்டதா என்று அதே செய்தியில் கேட்டுவிடுங்கள்.