பொள்ளாச்சியானா, ஈரோட்டுக்காரனா? ஒம்போது நிமிசத்துக்கு என்ற கணக்கு

ஞாயித்துக்கெழம கோயமுத்தூர்ல பாக்சிங் செலக்சன் பவுட்டு (சண்டை), 60 கிலோ எடைப் பிரிவு. ஒருபக்கம் பொள்ளாச்சிப் பையன், இன்னொருபக்கம் ஈரோட்டுப் பையன். ஒரு வாரமா பொழுதோட ஆனா நம்ம பேக்கரி வாசல்ல இதே பேச்சுதான். டீ ஆறி ஏடு கட்டிப்போகுது, தேங்கா பன்னு பாதி கடிச்சபடியே தட்டுல கெடக்குது, ஆளாளுக்கு ஓரியாட்டம் கட்டறாங்க. பத்துப் பேர்ல ஏழு பேரு பொள்ளாச்சியானுக்குத்தான் கை தூக்கறாங்க. நான் மிச்சம் இருக்கற மூணு பேர்ல ஒருத்தன். ஏன்னு அங்க நின்னு முழுசாச் சொல்ல முடியல, அதான் இங்க எழுதறேன்.

பேரு போடல. ஒருத்தனுக்கு 19, இன்னொருத்தனுக்கு 20. அவங்க பேரு அவங்க கையாலயே வெளிய வரட்டும்.

மொதல்ல பொள்ளாச்சிப் பையன். 5 அடி 6 இருப்பான், ஆர்த்தடாக்ஸ், அதாவது எடது கை எடது காலு முன்னால வெச்சு நிக்கறவன், பள்ளிக்கொடம் படிக்கறப்பவே லீவு நாள்ல களத்துல தேங்கா உரிச்சு வளந்த தோளு. தாடைய நெஞ்சுல பொதச்சுக்கிட்டு ரெண்டு கிளவுசையும் கன்னத்துல ஒட்டி வெச்சுக்கிட்டு முன்னால வந்துட்டே இருப்பான், பின்னால ஒரு அடி வெக்கறத நான் பாத்ததே இல்ல. கிட்ட வந்துட்டான்னா எடது கை ஹுக்கு (வளைச்சு வீசற குத்து) அல்லையில, அதான் விலாவுல, எறங்கும், அந்தச் சத்தம் கடைசி வரிசைல உக்காந்திருக்கறவனுக்கும் கேக்கும். கடைசியா ஆடுன ரெண்டு பவுட்டும் ரெப்ரி நடுவுலயே நிறுத்திட்டாரு. கூட்டத்துக்கு இவனப் புடிக்கறதுல ஆச்சரியமே இல்லீங்க, எனக்கும் நெம்பப் புடிக்கும்.

ஈரோட்டுப் பையன் அப்பிடியே நேர்மாறு. 5 அடி 10, சவுத்பா, அதாவது வலது கை வலது காலு முன்னால வெச்சு நிக்கறவன், ராத்திரி தறில நின்னுட்டு காத்தால அஞ்சரைக்கு கிரவுண்டுக்கு வந்துருவான். பாத்தா ஒண்ணுமே பண்ணாத மாதிரிதான் இருக்கும். வலது கை ஜாபு (முன்னங்கையால வெக்கற சின்னக் குத்து) மட்டும் டப் டப்னு போகும், எதிராளி உள்ள வரப்ப அரை அடி எடது பக்கமா ஒதுங்குவான் இல்லீன்னா வலது காலச் சுத்தித் திரும்புவான், எடது கை ஸ்ட்ரெய்ட்டு (நேர்க்குத்து) ஒண்ணு விடுவான், மறுபடி ஜாபு. மூணு ரவுண்டு முடிஞ்சா ரெண்டு பேரும் பெருசா ஒண்ணும் அடிச்சுக்கலியேன்னு கூட்டம் நெனைக்கும், அஞ்சு ஜட்ஜும் இவனுக்கே கொடுத்து ரிசல்ட்டு 5-0 ன்னு வரும். இவன "ஓடறான்"னு சொல்றாங்க. ஓடறதுக்கும் எடம் மாத்தறதுக்கும் வித்தியாசம் இருக்குது, ஓடறவன் அடிக்க மாட்டான், இவன் எடம் மாத்துன ஒடனே அடிக்கறான்.

லேத்து பட்டறை மாமா அன்னைக்கு சொன்னாரு, "ஏ மாப்ள, உன்ற ஈரோட்டுப் பையன் கம்பாட்ட நிக்கறான், இவன் ஒரு தட்டு தட்டுனான்னா ஒடிஞ்சுருவான், பவர்னு ஒண்ணு இருக்குதில்ல?" நான் சொன்னேன், "இருக்குதுங் மாமா, ஆனா அந்தப் பவருக்கு ஜட்ஜ் தனியா மார்க்கு போடறதில்லீங்களே". அவரு நம்பல. அதனால இத மட்டும் கொஞ்சம் வெவரமாச் சொல்லீர்றேன், சண்டையே இங்கதான் இருக்குது.

நம்ம பசங்க ஆடற அமெச்சூர்ல மூணு ரவுண்டு, ஒவ்வொண்ணும் மூணு நிமிசம், நடுவுல ஒரு நிமிசம் ரெஸ்ட்டு. ரிங்கச் சுத்தி அஞ்சு ஜட்ஜு, ஒவ்வொரு ரவுண்டுக்கும் ஜெயிச்சவனுக்கு 10, தோத்தவனுக்குப் பெரும்பாலும் 9. எதப் பாக்கறாங்கன்னா மொதல்ல சுத்தமா விழுந்த அடி எத்தன, அப்பறம் ஆட்டத்த யாரு கைல வெச்சிருந்தா, அப்பறம் யாரு விடாம மோதுனா. இதுல முக்கியமான சேதி ஒண்ணு இருக்குது. ஒருத்தன் அடி வாங்கி விழுந்து ரெப்ரி எட்டு வரைக்கும் எண்ணுனாலும் அதுக்குன்னு தனிப் புள்ளி கெடையாது. காசுக்கு ஆடற புரொபசனல்ல கீழ விழுந்தா 10-8, ரவுண்டே தலகீழா மாறிரும். அமெச்சூர்ல அது ஒரு நல்ல அடி, அவ்வளவுதான். மாமா ஆடுன காலத்துல கம்ப்யூட்டர் பட்டனு, அஞ்சுல மூணு ஜட்ஜு ஒரு நொடிக்குள்ள அமுக்குனாத்தான் புள்ளி ஏறும், அதுல ஒடம்புல அடிக்கற அடியெல்லாம் கணக்குலயே வராம போயிரும்னு அவரே பொலம்புவாரு. 2013க்கு அப்பறம் அது போயி இந்த 10-9 வந்துது. இப்ப ஒடம்படிக்கு மதிப்பு கொஞ்சம் கூடியிருக்குது, ஆனா அது காய்க்கறதுக்கு நேரம் வேணுமே. அல்லையில அடிக்கற அடி தென்னம்புள்ள நட்டாட்டங்க. நிச்சயமா காய்க்கும், ஆனா நட்ட அன்னைக்கே காய்க்காது. நாலாவது அஞ்சாவது ரவுண்டுலதான் எதிராளிக்கு காலு கனக்கும், கை எறங்கும். இங்க நாலாவது ரவுண்டே இல்ல.

இதுக்கு நான் எப்பவும் சொல்றது 1990 மார்ச் 17, லாஸ் வேகாஸ், மெக்சிகோ பாக்சர் சாவேசும் அமெரிக்க பாக்சர் மெல்ட்ரிக் டெய்லரும் ஆடுன பன்னெண்டு ரவுண்டு புரொபசனல் சண்டை. ரெண்டு பேரும் அதுவரைக்கும் தோத்ததே இல்ல. டெய்லரு 1984 ஒலிம்பிக்ல தங்கம் வாங்குனவரு, கை அவ்வளவு வேகம். சாவேஸ் நம்ம பொள்ளாச்சியானாட்ட, நடந்து வந்து நடந்து வந்து ஒடம்புல கொடுப்பாரு. பதினொரு ரவுண்டு முடிஞ்சப்ப மூணு ஜட்ஜ்ல ரெண்டு பேரு டெய்லருக்குத்தான் நெறையப் புள்ளி வெச்சிருந்தாங்க, ஆனா அந்த மனுசன் மூஞ்சி எலும்பு ஒடைஞ்சு ரத்தத்த முழுங்கிட்டு நின்னிருக்காரு. பன்னெண்டாவது ரவுண்டுல விழுந்து எந்திரிச்சாரு, ரெப்ரி கேட்டதுக்குப் பதில் வரல, மணி அடிக்க ரெண்டு நொடி இருக்கறப்ப சண்டைய நிறுத்திட்டாரு. சாவேஸ் ஜெயிச்சாருன்னு எல்லாருக்கும் ஞாபகம் இருக்குது. ஆனா அதே சண்டைய மூணு ரவுண்டோட முடிச்சிருந்தா என்ன ஆயிருக்கும்? டெய்லரு கையத் தூக்கிருப்பாங்க, சாவேஸ் நட்டதெல்லாம் மண்ணுக்குள்ளயே இருந்திருக்கும்.

நம்மூரு ரேக்ளா பாத்தவங்களுக்கு இது சட்டுனு புரியும். 200 மீட்டருக்கு ஓட்டற மாடு வேற, 300 மீட்டருக்கு ஓட்டற மாடு வேற. ரெண்டும் காங்கேயம்தான், ரெண்டும் நல்ல மாடுதான், தூரம் மாறுனா ஜெயிக்கறது மாறிரும். எந்த மாடு நல்ல மாடுன்னு மட்டும் கேட்டுட்டு எத்தன மீட்டர்னு கேக்காம பந்தயம் பேசுனா எப்பிடிங்க?

அதனால எட்டு ரவுண்டு புரொபசனல் சண்டையா இருந்தா நானே பொள்ளாச்சியானுக்குத்தான் சொல்லுவேன், ஆறாவது ரவுண்டுக்கு மேல ஈரோட்டுப் பையன் கயித்துல சாஞ்சு நிப்பான். ஒம்போது நிமிசம்னா ஈரோட்டுக்காரன்.

நம்ம குரூப்புல இருக்கற பெரியண்ணன் ஒருத்தரு இதுக்கு எதிரா நல்லாவே கேட்டாரு. "மொத ரவுண்டு ஜெயிச்சா போதுமா, பாரிஸ்ல நிஷாந்த் தேவுக்கு என்னாச்சு?" நியாயமான கேள்விதான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்ல 71 கிலோ காலிறுதில நம்ம இந்திய பாக்சர் நிஷாந்த் தேவ், அவரும் சவுத்பாதான், மெக்சிகோவோட மார்க்கோ வெர்டே கூட ஆடுனாரு. மொத ரவுண்டு அஞ்சு ஜட்ஜ்ல நாலு பேரு நிஷாந்துக்குத்தான் கொடுத்தாங்க, கடைசில 1-4ன்னு தோத்தாரு. அந்தத் தீர்ப்பு எனக்கு இன்னைக்கும் ஒப்பல, ஆனா மூணாவது ரவுண்டுல அவரு சோந்து போனது கண்ணுக்குத் தெரிஞ்சுது, முன்னால வர்றவன் பக்கம் ஜட்ஜு கண்ணு சாயறதும் உண்மைதான். அண்ணன் சொல்ற பயம் எனக்கும் இருக்குது. ஈரோட்டுப் பையன் மொத ரெண்டு ரவுண்ட இழுபறியா எடுத்துட்டு மூணாவதுல காலு நின்னுட்டா, ரெண்டு ஜட்ஜு அங்க சாஞ்சா, 3-2ன்னு எந்தப் பக்கம் வேணாலும் போகும்.

ஆனா ஒரு வித்தியாசம் இருக்குது, அது முன்னங்காலு. ஒருத்தன் ஆர்த்தடாக்ஸ், ஒருத்தன் சவுத்பான்னா இவன் எடது காலும் அவன் வலது காலும் நேருக்கு நேரா வந்து நிக்கும். யாரு முன்னங்காலு வெளிப்பக்கம் இருக்குதோ அவன்ற பின்னங்கை ஸ்ட்ரெய்ட்டு நேரா நடு மூஞ்சிக்குப் போகும், மத்தவன் திரும்பித்தான் அடிக்கோணும். பொள்ளாச்சியான் நேரா நடந்து வர்ற பழக்கம், அதனால அவன் காலு தானாவே உள்பக்கம் போயி மாட்டும். போன மாசம் ஸ்பாரிங்ல (பயிற்சிச் சண்டைல) ரெண்டு சவுத்பா பசங்க கூட அவன் ஆடுறதப் பாத்தேன், நாலு தடவைல மூணு தடவ உள்ளதான் கால வெச்சான். பசங்க அவன விட சின்னவங்கங்கறதால அடி விழுந்தும் தாங்கிட்டு உள்ள போயிட்டான். ஈரோட்டுப் பையன் கிட்ட அந்த அடி கொஞ்சம் வலுவா வரும்.

பொள்ளாச்சியானுக்கு வழியே இல்லீன்னு நான் சொல்லல. சவுத்பா நிக்கறப்ப அவன் வலது பக்கம் முன்னால வருது, ஈரல் இருக்கறதும் அந்தப் பக்கந்தான். எடது ஹுக்கு அங்க சுத்தமா ஒண்ணு எறங்குச்சுன்னா மூச்சு நின்னுரும், மனசு எந்திரின்னு சொன்னாலும் காலு கேக்காது. அதுக்கு அவன் தல அடிய விட்டுட்டு மொத மணியில இருந்தே அந்த ஒரு எடத்தையே கொறி வெக்கோணும், கூட்டம் கத்துதுன்னு மூஞ்சிக்கு வீசக் கூடாது. அவன் கோச்சு நல்ல மனுசன், இத சொல்லித்தான் அனுப்புவாரு, கூட்டத்துச் சத்தத்துல பையனுக்குக் காதுல ஏறோணும்.

பவரு எதிர் ஜாபுன்னு பேசறப்ப இன்னொண்ணு. 2020 நவம்பர்ல லண்டன்ல டேனியல் டுபாவா - ஜோ ஜாய்ஸ் சண்டை, ரெண்டு பேரும் தோக்காத ஹெவிவெயிட். டுபாவாவுக்கு 15 சண்டைல 14 நாக்கவுட்டு, வயசு 23. ஜாய்சுக்கு 35. பெரும்பாலானவங்க டுபாவான்னுதான் சொன்னாங்க. ஜாய்ஸ் சலிக்காம எடது கை ஜாபு ஒண்ணையே போட்டு போட்டு டுபாவா எடது கண்ண மூட வெச்சாரு, பத்தாவது ரவுண்டுல டுபாவா முட்டி போட்டு உக்காந்துட்டாரு, பாத்தா கண்ணச் சுத்தி இருக்கற எலும்பே ஒடஞ்சிருந்துது. அப்ப அந்தப் பையன "பயந்தாங்கொள்ளி"ன்னு பேசுனவங்க நெறையப் பேரு, எனக்கு அது இன்னைக்கும் வலிக்குது. அதே டுபாவா 2024 செப்டம்பர்ல வெம்ப்ளில ஆண்டனி ஜோசுவாவ அஞ்சாவது ரவுண்டுல சாச்சாரு. ஞாயித்துக்கெழம தோக்கற பையனப் பத்தி அன்னைக்கு ராத்திரி வாய்க்கு வந்தத பேசறவங்க இத ஒருக்கா நெனச்சுப் பாருங்க.

எனக்குப் பொள்ளாச்சியான் மேல கோவம் எதுவும் இல்ல, அதையும் சொல்லீர்றேன். நானும் அவனாட்ட ஆடுனவன்தான். காலேஜ் படிக்கறப்ப ஒரு பைனல்ல மூணு ரவுண்டும் எதிராளியத் தொரத்தித் தொரத்தி அல்லையிலயே கொடுத்தேன். மூணாவது ரவுண்டுல கடைசி ஒரு நிமிசம் அவன் கை தூக்கவே இல்ல, மணி அடிச்சப்பறம் கார்னர் ஸ்டூல்ல உக்காந்தவன எந்திரிக்க வெக்க ரெண்டு பேரு புடிச்சாங்க. ரெப்ரி நடுவுல எங்க ரெண்டு பேரு கையையும் புடிச்சுட்டு நின்னாரு, அவன் கையத்தான் தூக்குனாரு. அன்னைக்கு ஜட்ஜு மேல கோவப்பட்டேன். அப்பறம் பல வருசம் கழிச்சு யோசிச்சுப் பாத்தா மொத ரவுண்டு முழுக்க அவன் ஜாபு என்ற மூஞ்சிலதான் விழுந்துது, ரெண்டாவதுலயும் பாதி வரைக்கும் அப்பிடித்தான். எனக்கு இன்னும் ஒரு ரவுண்டு வேணும்னு இருந்துது, அத யாரும் கொடுக்க மாட்டாங்க. ஒம்போது நிமிசத்துக்குள்ள என்ன வருதோ அதுதான். பொள்ளாச்சியான் ரிங்குக்குள்ள நடந்து வர்றப்பெல்லாம் எனக்கு அந்த சாயங்காலந்தான் ஞாபகம் வருது, அவனுக்கு அப்பிடி நடக்கக் கூடாதுன்னு மனசு சொல்லுது, நடக்கும்னு கண்ணு சொல்லுது.

சரி, என்ற கணிப்பு: ஈரோட்டுப் பையன், 4-1. மொத ரவுண்டு அவனுக்கு முழுசா, ரெண்டாவது இழுபறியா அவன் பக்கம், மூணாவது பொள்ளாச்சியானுக்கு. நாக்கவுட்டு வராது.

இத மாத்திக்கற மாதிரி ஒரே ஒரு விசயம் இருக்குது, அது எடை. 5 அடி 10 இருக்கற பையன் 60 கிலோவுக்கு எறங்கறது லேசுப்பட்ட வேலை இல்லீங்க. புரொபசனல்ல முந்துன நாளே எடை போட்டுருவாங்க, ராத்திரி பூரா தண்ணி குடிச்சு சாப்பிட்டு ஒடம்பத் தேத்திக்கலாம். இங்க அன்னைக்குக் காத்தாலதான் எடை, பொழுதோட சண்டை. தறில ராத்திரி வேல பாக்கறவன், ஏற்கனவே தூக்கம் கம்மி. போன தடவ எடை போட்டு எறங்கறப்ப ஒதடு வெடிச்சு வெள்ளையா இருந்துது, நானே ஒரு எளநி வாங்கிக் கொடுத்தேன். அன்னைக்கு ஆடுனவன் லேசான ஆளு, தப்பிச்சுட்டான். ஞாயித்துக்கெழம காத்தால ஏழு மணிக்கு நான் எடை போடற எடத்துலதான் நிப்பேன். கன்னம் ஒட்டி, கண்ணு உள்ள போயி வந்தான்னா பேக்கரிக்குப் போன் போட்டு என்ற ஓட்ட பொள்ளாச்சியானுக்கு மாத்திக்கறேன்னு சொல்லீருவேன், மாமாவே போன எடுக்கட்டும்.