இளஞ்சிவப்பு டிராகனா, தோ பாயோ டிராகனா?

பள்ளி விடுமுறை வந்ததும் சிங்கப்பூரில் எங்கள் வீட்டில் இழுபறி தொடங்கிவிடும். ஐந்து வயது மகளுக்கு ஐஸ்கிரீம் மியூசியம், என் மாமியாருக்கு லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்கா சந்தை, பன்னிரண்டு வயது மகனுக்கு 'எங்கேயாவது'. இந்த முறை மூன்று இடங்களுக்கும் வெவ்வேறு நாள்களில் போய்விட்டோம்.

டெம்சியில், பழைய டாங்ளின் ராணுவ முகாம் இருந்த வட்டாரத்தில், 2021 ஆகஸ்ட்டில் திறந்தது ஐஸ்கிரீம் மியூசியம். 2016இல் நியூயார்க்கில் தொடங்கியது. அமெரிக்காவுக்கு வெளியே முதல் கிளை இதுதான். கண்ணாடிப் பெட்டியும் விளக்க அட்டையும் தேடிப் போகாதீர்கள். அறைக்கு அறை படம் எடுக்கலாம், குதிக்கலாம், நடுநடுவே ஐஸ்கிரீம் சாப்பிடலாம். அதற்குத் தனிக் காசு இல்லை, டிக்கெட்டிலேயே அடக்கம். கேக்மேல் தூவும் வண்ணக் குச்சிகளைப் பெரிதாக்கி நிரப்பியதுபோல் ஒரு ஸ்ப்ரிங்கிள் குளமும் உண்டு. அது தின்பதற்கல்ல என்று மகளிடம் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. இடுப்பளவு புதைந்து கிடந்தவளை வெளியே இழுக்க அவள் அண்ணன்தான் வரவேண்டியிருந்தது. வந்தவனும் உள்ளே குதித்துவிட்டான்.

நாலு பேர் போனால் நூறு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) தாண்டிவிடும். வார இறுதியில் இன்னும் கூடும். ஆளுக்கு மூன்று ஐஸ்கிரீமாவது சாப்பிட்டுவிட வேண்டும் என்று நான் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே நடந்தேன். இரண்டாவதிலேயே பல் கூசிவிட்டது. நாலு முதல் பத்து வயதுக்குள் பிள்ளை இருந்தால் ஒருமுறை போகலாம். மறுமுறைக்கு நான் வரமாட்டேன்.

தேக்கா வேறு கதை. காலை எட்டு மணிக்கு ஈரச் சந்தைக்குள் நுழைந்த மாமியார் பத்தரை வரை வெளியே வரவில்லை. மீன், முருங்கைக்காய், வாழையிலை எல்லாம் பார்த்து முடித்து, உணவுக் கடைகள் பக்கம் வந்து தேங்காய்த் துருவலும் சர்க்கரையும் போட்ட புட்டுமயம் (இங்கே இடியாப்பத்துக்கு அதுதான் பெயர்) வாங்கி உட்கார்ந்த பிறகுதான் பிள்ளைகள் வாய் திறந்தார்கள். சிங்கப்பூரின் இந்த அங்காடி உணவுக் கலாசாரத்தைத்தான் 2020 டிசம்பரில் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் சேர்த்தார்கள். அப்புறம் சாலையைக் கடந்தால் கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையம். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. திங்கட்கிழமை மட்டும் போகாதீர்கள், பூட்டியிருக்கும். உள்ளே செட்டிநாட்டு வாசல்நிலைக்கு முன்னால் மாமியார் நின்ற நேரத்தில் மகன் ஒரு கேம் முடித்துவிட்டான். பாட்டியோடு போவதென்றால் தேக்காதான், யோசிக்கவே வேண்டாம்.

சரி, தலைப்புக்கு வருகிறேன். மியூசியத்தில் டிராகன் விளையாட்டுத் திடல் ஒன்று உண்டு, முழுக்க இளஞ்சிவப்பில். அதன் அசல், தோ பாயோ குடியிருப்புப் பேட்டையில் 1979இல் வந்த டிராகன் திடல். லோரோங் 6 என்ற தெருவில் இன்றும் இருக்கிறது, காலடியில் மணலோடு. சிறு வயதில் அதன் தலையிலிருந்து சறுக்கி முழங்கால் தேய்ந்தவன் நான், அதனால் நடுநிலையாகப் பேச முடியாது. மகனின் 'எங்கேயாவது'க்கு அங்கேதான் போனோம், பேருந்துச் செலவு மட்டும்தான். திரும்பும் வழியில் ஆர்ச்சர்ட் ரோட்டில் இறங்கி, வண்டிக்கார அங்கிளிடம் யாம் என்கிற சேப்பங்கிழங்கு ஐஸ்கிரீம் வாங்கினோம். நீளக் கட்டியைக் கத்தியால் ஒரே அழுத்தில் நறுக்கி, வானவில் ரொட்டித் துண்டில் மடித்துக் கொடுத்தார். ரொட்டி ஊறுவதற்குள் தின்றுவிட வேண்டும், அது ஒரு வித்தை. மாமியார் ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. மகன் சட்டை முழுக்க ஊதா நிறம். நாலு பேருக்கும் சேர்த்து ஆன செலவில் மியூசியத்தில் ஒரு டிக்கெட்கூட வராது.

ஒன்று சொல்லாமல் விட்டேன். தோ பாயோவில் அந்த ஆரஞ்சு டிராகனைப் பார்த்ததும் மகள் கேட்டாள்: "அப்பா, இதுக்கு யாரு பெயிண்டை மாத்தினது?"