கிரிஸ்டல் மாடல்ல ஓட்டை போட எது நல்லது: அட்டாம்ஸ்க்கா, லாம்ப்ஸா, ஏஎஸ்ஈயா?

கம்ப்யூட்டர் சிமுலேஷனுக்கு, அணுக்களுக்கு நடுவுல இருக்குற விசையைச் சொல்ற சரியான பொட்டன்ஷியலைத் தேடி மாசக்கணக்கா மண்டையை உடைச்சுக்குறவங்ககூட, மாடல்லேர்ந்து அணுவைத் தூக்குற வேலையை ரெண்டு நிமிஷத்துல முடிச்சுட்டுப் போயிடுறாங்க. நான் பார்த்த வரைக்கும் பெரிய தப்பு நடக்குறது அந்த ரெண்டு நிமிஷத்துலதான், அதனாலதான் இதை இவ்வளவு விரிவா எழுதுறேன்.

ஒரே கணக்கை இந்த மூணு சாஃப்ட்வேர்லயும் போட்டுப் பாப்போம். அலுமினியம், எஃப்சிசி (கனசதுரத்தோட மூலைகள்லயும் முகங்களோட நடுவுலயும் அணு இருக்குற அமைப்பு), லேட்டிஸ் கான்ஸ்டன்ட், அதாவது ஒரு செல்லோட பக்கம், 4.05 ஆங்ஸ்ட்ராம், மூணு பக்கமும் 20 செல். ஒரு செல்லுக்கு 4 அணுன்னா மொத்தம் 32,000 அணு, பாக்ஸோட பக்கம் 81 ஆங்ஸ்ட்ராம். நடுவுல 20 ஆங்ஸ்ட்ராம் ஆரத்துக்கு ஒரு உருண்டை ஓட்டை வேணும். கம்ப்யூட்டரைத் தொடுறதுக்கு முன்னாடி கையால ஒரு கணக்கு: உருண்டையோட கன அளவு சுமார் 33,500 கன ஆங்ஸ்ட்ராம், ஒரு அணுவுக்கு 16.6, வகுத்தா ஏறக்குறைய 2,000 அணு போகணும். இந்த 2,000ஐ ஒரு பேப்பர்ல எழுதி வெச்சுக்கோங்க, மூணு சாஃப்ட்வேரையும் இதை வெச்சுத்தான் செக் பண்ணப் போறோம்.

முதல்ல அட்டாம்ஸ்க், அணு மாடலை உருவாக்கி மாத்துற டூல். பிரான்ஸ்ல லீல் யூனிவர்சிட்டில இருக்குற பியர் ஹிரெல் எழுதினது, 2015ல பேப்பரா வந்துச்சு. டெர்மினல்ல ஒரே வரில வேலை முடிஞ்சிடும்: செல்லை உருவாக்கு, டூப்ளிகேட் பண்ணு, செலக்ட் இன் ஸ்பியர், ரிமூவ் ஆட்டம் செலக்ட், கடைசில ஃபைல் பேரு. எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது, நடுப்புள்ளிய நாம கணக்குப் போட வேண்டாம், 0.5 பெருக்கல் பாக்ஸ்னு எழுதினாலே பாக்ஸோட பாதியை அதுவே எடுத்துக்கும், நாளைக்கு 20 செல்லை 40ஆ மாத்தினாலும் அந்த வரியைத் தொடவே வேண்டாம். எத்தனை அணு செலக்ட் ஆச்சு, எத்தனை போச்சுன்னு ஸ்க்ரீன்லயே சொல்லிடும். உள்ள கூடா ஒரு ஓடு மாதிரி வேணும்னா, பெரிய உருண்டைய செலக்ட் பண்ணிட்டு அதுலேர்ந்து சின்ன உருண்டைய செலக்‌ஷன்லேர்ந்து மட்டும் கழிச்சுக்கலாம்.

ஒண்ணே ஒண்ணு கவனிக்கணும், ஆப்ஷனெல்லாம் எழுதின வரிசையிலதான் நடக்கும். டூப்ளிகேட் பண்ணிட்டு ஓட்டை போட்டா ஒரு ஓட்டை. ஓட்டை போட்டுட்டு டூப்ளிகேட் பண்ணா ஒவ்வொரு பிரதிலயும் ஒரு ஓட்டை. ரெண்டுமே எரர் இல்லாம ஓடும்.

இப்ப லாம்ப்ஸ், அணுக்களோட அசைவைக் கணக்குப் பண்ணி ஓட்டுற சாஃப்ட்வேர். சாண்டியா லேப்ல வளர்ந்தது, எல்லாரும் ரன் பண்றது இதுலதான், அதனால அணுவைத் தூக்குறதையும் இதுலயே செய்வோம்னு தோணும். ரெண்டு வரி போதும்: ரீஜன் (எந்த இடம்னு சொல்ற வடிவம்) வரையணும், அப்புறம் அதுக்குள்ள இருக்குறதை டெலீட் ஆட்டம்ஸ். பாக்க சுலபமாத்தான் இருக்கு, ஆனா ரீஜனோட யூனிட் டிஃபால்ட்டா லேட்டிஸ் யூனிட் (ஒரு செல்லோட பக்கம்தான் 1), ஆங்ஸ்ட்ராம் கிடையாது. நான் முதல் தடவை நடுப்புள்ளி 40.5, ஆரம் 20ன்னு ஆங்ஸ்ட்ராம் நினைப்புல எழுதிட்டேன், அது 40.5ஐ 4.05ஆல பெருக்கி 164 ஆங்ஸ்ட்ராம் தள்ளி, பாக்ஸுக்கு வெளியே எங்கேயோ ஒரு உருண்டையை வெச்சுது. லாக் ஃபைல்ல ஒரே ஒரு வரி, டெலீட் ஆனது 0, புது மொத்தம் 32,000ன்னு. எரர் இல்லை, ரன்னும் ஒழுங்கா போச்சு, ஓட்டையே இல்லாத அலுமினியத்தை ரெண்டு நாள் இழுத்துப் பார்த்துட்டு ஏன் ஸ்ட்ரெங்த் குறையவே இல்லைன்னு யோசிச்சுட்டு இருந்தேன். பேப்பர்ல இருந்த 2,000ஐ அந்த லாக் வரியோட ஒப்பிட்டிருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். யூனிட்ஸ் பாக்ஸ்னு ரீஜன் வரியோட கடைசில சேர்த்துடுங்க, இல்லாட்டி நடுப்புள்ளி 10, ஆரம் 4.94ன்னு செல் கணக்குல எழுதுங்க.

இன்னொண்ணு, டெலீட் பண்ணதும் லாம்ப்ஸ் மிச்ச அணுக்களுக்கு 1லேர்ந்து புதுசா ஐடி போடும், அதுதான் டிஃபால்ட். 5,000ஆவது அணு எங்க போச்சுன்னு பழைய ஃபைலோட சேர்த்துப் பாக்குற வேலை இருந்தா கம்ப்ரெஸ் நோ போட்டே ஆகணும்.

அப்புறம் எதுக்கு லாம்ப்ஸ்? ரன்னுக்கு நடுவுல தூக்கணும்னா இதை விட்டா நல்ல வழி இல்லை. முதல்ல சூடாக்கி, ஈக்விலிப்ரேட் பண்ணி (நிலையா அடங்க விட்டு), அப்புறம் அணுவை எடுத்து, மறுபடி ஓட்டுறது ஒரே இன்புட்ல நடந்துடும். தண்ணி மாதிரி மூலக்கூறு இருந்தா மால் யெஸ் போட்டாப் போதும், ஒரு ஆக்சிஜன் உருண்டைக்குள்ள சிக்கினா அதோட ரெண்டு ஹைட்ரஜனும் சேர்ந்தே போகும், பாதி மூலக்கூறு தொங்காது.

ஏஎஸ்ஈ பைத்தான் லைப்ரரி, டென்மார்க் டெக்னிக்கல் யூனிவர்சிட்டில ஆரம்பிச்சது. உருண்டை, பெட்டி மாதிரி நேரான வடிவத்துக்கு இது தேவையே இல்லைன்னுதான் சொல்வேன், ஒரு வரில முடியறதுக்கு பத்து வரி ஸ்கிரிப்ட் எதுக்கு? ஆனா நிபந்தனை சிக்கலா இருக்கும்போது, உதாரணமா எல்லைக்குப் பக்கத்துல இருக்குற அணுவைச் சுத்தி, பாக்ஸோட மறுபக்கம் சுத்தி வர்ற தூரத்தையும் சேர்த்துக் கணக்குப் பண்ணித் தூக்கணும்னா, ஏஎஸ்ஈல தூரம் கேக்கும்போது மிக் ட்ரூன்னு போட்டா முடிஞ்சுது. லாம்ப்ஸ் ரீஜன் அப்படிச் சுத்தி வராது, பாக்ஸ் எல்லையில அறுத்துடும்.

ஏஎஸ்ஈல நம்பர் 0லேர்ந்து ஆரம்பிக்கும், அட்டாம்ஸ்க்ல 1லேர்ந்து. அதுல பார்த்த நம்பரை இதுல அப்படியே போட்டா பக்கத்து அணு போயிடும், கண்ணுக்குத் தெரியவே தெரியாது. லூப் போட்டு ஒவ்வொண்ணா அழிக்கவும் கூடாது, 5ஐ அழிச்ச உடனே பழைய 10 வந்து 9ல உக்காந்துக்கும், அடுத்து 9ஐ அழிச்சா போறது தப்பான அணு. லிஸ்டா சேர்த்து ஒரே தடவைல அழிங்க.

உப்பு மாதிரி அயனி கிரிஸ்டல்னா எந்த சாஃப்ட்வேரும் உங்களைக் காப்பாத்தாது. சோடியம் குளோரைடுல 10 சோடியத்தை மட்டும் எடுத்தா பாக்ஸ் மொத்தமும் மைனஸ் 10 சார்ஜோட நிக்கும், அதனால 10 குளோரினையும் எடுத்தாகணும். அட்டாம்ஸ்க்ல செலக்ட் ராண்டம் 10னு தனிமத்தோட பேரைப் போட்டு ரெண்டு தடவை செஞ்சா முடிஞ்சுது. லாம்ப்ஸ்ல இதையே செய்ய சீட் நம்பர் (ராண்டம் தேர்வைத் தொடங்கி வைக்குற எண்) நாமதான் குடுக்கணும், அதே சீட் போட்டா அதே இடத்துல ஓட்டை விழும், ரிசல்ட்டைத் திரும்ப எடுக்கணும்னா அது பெரிய வசதி.

வேற வேற திசையில திரும்பின ரெண்டு கிரிஸ்டல் துண்டு (கிரெய்ன்) சேருற இடமான கிரெய்ன் பவுண்டரிலதான், அட்டாம்ஸ்க்தான் நல்லதுங்கற என் முடிவு மாறுது. ரெண்டு கிரெய்னை ஒட்டினா நடுவுல அணுக்கள் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்கும். அட்டாம்ஸ்க்ல ரிமூவ் டபுள்ஸ்னு ஒரு தூரம் குடுத்தா அதைவிட நெருங்கினதைத் தூக்கிடும், ஆனா எந்தப் பக்கத்து அணு போகணும்னு நாம சொல்ல முடியாது. லாம்ப்ஸ்ல டெலீட் ஆட்டம்ஸ் ஓவர்லேப்ல ரெண்டு குரூப் குடுக்குறோம், முதல் குரூப்ல இருக்குறதுதான் போகும். அதுக்கு முன்னாடியே எந்தப் பொட்டன்ஷியல்னு சொல்ற பேர் ஸ்டைல் (pair_style), மாஸ் எல்லாம் எழுதியிருக்கணும், ஏன்னா நெய்பர் லிஸ்ட் (பக்கத்து அணுக்களோட பட்டியல்) கட்டித்தான் அது தேடுது. அலுமினியத்துல பக்கத்து அணு தூரம் 2.86 ஆங்ஸ்ட்ராம், எவ்வளவு நெருக்கம் வரைக்கும் விடலாம்ங்கறதுக்கு ஒரே பதில் கிடையாது, அதனால 1.4லேர்ந்து 2.6 வரைக்கும் தூரத்தை மாத்தி மாத்தி லூப் போட்டு, ஒவ்வொண்ணுக்கும் மினிமைஸ் பண்ணி, கிரெய்ன் பவுண்டரி எனர்ஜி எதுல கம்மியோ அந்த மாடலை எடுத்துக்கிட்டுத்தான் மேல ஓட்டுறேன்.